பல் கூச்சத்துக்குக் காரணம் ஓட்டம் இல்லை, பாட்டில்

பல் மருத்துவர் பதில்கள்

கேள்வி: தினமும் காலையில் ஒரு மணி நேரம் ஓடுகிறேன். எலுமிச்சைச் சாறில் உப்பும் சர்க்கரையும் கலந்து பாட்டிலில் எடுத்துப்போய், வழியெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிப்பேன். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகப் பல் தேய்ப்பேன். சில மாதங்களாகத் தண்ணீர் பட்டாலே முன்பற்கள் கூசுகின்றன. கூச்சத்துக்கான பேஸ்ட் போட்டும் குறையவில்லை. ஓடுவதை நிறுத்திவிடட்டுமா?
– வாசகர், தாம்பரம்

பதில்: ஓட்டத்தை நிறுத்தவே நிறுத்தாதீர்கள். பாட்டிலில் இருப்பதை மாற்றினால் போதும்.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அமிலம் பல்லை அரித்திருக்கிறது என்றுதான் தோன்றுகிறது. ஒரு நல்ல வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று முன்பற்களின் நுனியைப் பாருங்கள். ஓரம் மட்டும் கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரிகிறதா? பல்லின் மேற்பரப்பு வழக்கத்தைவிட வழுவழுப்பாகப் பளபளக்கிறதா? கடைவாய்ப் பல்லில் பழைய ஃபில்லிங் இருந்தால், பல் தேய்ந்து அது மட்டும் மேடாக நிற்கிறதா? மூன்றில் ஒன்று இருந்தாலும் பல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு (எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) சுமார் 5.5-க்குக் கீழே இறங்கினால் பல்லின் கடினமான மேல் உறையான எனாமல் கரையத் தொடங்கும். எலுமிச்சைச் சாறு இரண்டையொட்டி இருக்கிறது. கடையில் விற்கும் ஸ்போர்ட்ஸ் டிரிங்க் பெரும்பாலும் மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே. சாதாரணமாக எச்சில் இந்த அமிலத்தைத் தணித்து, கரைந்த கால்சியத்தையும் ஓரளவு திருப்பிக் கொடுத்துவிடும். ஆனால் ஓடும்போது வாயால் மூச்சு வாங்குகிறோம், வியர்க்கிறோம், வாய் வறண்டுவிடுகிறது. காவலுக்கு எச்சில் இல்லாத நேரத்தில் ஒவ்வொரு மடக்காக அமிலம் போய்க்கொண்டே இருக்கிறது. அப்புறம் வீட்டுக்கு வந்ததும் பிரஷ்ஷைப் போடுகிறீர்கள். ஈரம் காயாத சுண்ணாம்புப் பூச்சைத் தேய்க்கிற மாதிரிதான் அது. அரிப்பு தினமும் நடக்கும்போது எந்தப் பேஸ்ட்டும் கைகொடுக்காது. போன எனாமல் திரும்ப வளராது என்பதால்தான் இவ்வளவு வற்புறுத்திச் சொல்கிறேன்.

ஒரு மணி நேர ஓட்டத்துக்கு வெறும் தண்ணீர் போதும். பல் தேய்ப்பதை ஓடுவதற்கு முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். எலுமிச்சைச் சாறு குடித்தே ஆக வேண்டும் என்றால் வீட்டுக்கு வந்து ஒரே மூச்சில் குடித்துவிட்டு, தண்ணீரால் வாயை நன்றாகக் கொப்பளியுங்கள். அதன் பிறகு ஒரு மணி நேரம் பிரஷ் வேண்டாம். எலுமிச்சைக்குப் பதிலாக உப்புப் போட்ட மோர் இன்னும் நல்லது. மோரும் புளிப்புதான், ஆனாலும் கால்சியம் இருப்பதால் பல்லை அந்த அளவுக்கு அரிக்காது.

உடம்பைக் கட்டுக்கோப்பாக வைத்திருப்பவர்களுக்குப் பல்லும் நன்றாகத்தான் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். 2012 லண்டன் ஒலிம்பிக்கின்போது 302 வீரர்களைப் பரிசோதித்ததில் 55 சதவீதம் பேருக்குச் சொத்தைப் பல்லும், 45 சதவீதம் பேருக்கு அமில அரிப்பும் இருந்தன.

கேள்வி: என் மகனுக்கு 14 வயது, ஹாக்கி ஆடுகிறான். கூட ஆடும் பையனுக்குப் பந்து பட்டு முன்பல் வேரோடு விழுந்துவிட்டது. துணியில் சுற்றி எடுத்துப்போனார்களாம். பொருத்த முடியாது என்று சொல்லிவிட்டார்கள். மகனை ஆட விடவே பயமாக இருக்கிறது.
– வாசகி, கோவில்பட்டி

பதில்: அந்தப் பையனை நினைத்தால் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது அம்மா. துணியில் சுற்றியதும் வேரின் மேலிருக்கும் உயிருள்ள செல்கள் காய்ந்து செத்திருக்கும்.

இதை உங்கள் ஊர்ப் பயிற்சியாளர்களிடமும் சொல்லுங்கள். விழுந்த பல்லின் வெள்ளைப் பகுதியை மட்டும் பிடித்து எடுக்க வேண்டும். வேரில் கை படக் கூடாது. மண் ஒட்டியிருந்தால் பாலிலோ தண்ணீரிலோ ஒருமுறை அலசினால் போதும், தேய்க்கக் கூடாது. பையன் நினைவோடு இருந்தால் பல்லை அந்தக் குழியிலேயே திருப்பி வைத்து, சுத்தமான துணியை மெல்லக் கடிக்கச் சொல்லுங்கள். வைக்க முடியாவிட்டால் பாலில் போட்டு எடுத்துப்போங்கள். மைதானத்துக்குப் பக்கத்து டீக்கடையில் பால் கிடைக்கும். அரை மணி நேரத்துக்குள் பல் மருத்துவரிடம் போனால் பிழைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. பால் பல் விழுந்தால் மட்டும் திருப்பி வைக்கக் கூடாது. அடியில் வளரும் நிலைப்பல் கெட்டுவிடும்.

மகனை ஆட விடுங்கள், ஆனால் பல்லின் மேல் மாட்டும் பாதுகாப்பு உறையான மவுத்கார்டு இல்லாமல் விடாதீர்கள். வெந்நீரில் போட்டுக் கடித்துப் பொருத்துவது கடையிலேயே கிடைக்கும். பல் மருத்துவரிடம் அளவெடுத்துச் செய்வது இன்னும் கச்சிதமாக உட்காரும்; பேசவும் மூச்சுவிடவும் சிரமம் இருக்காது. வளரும் வயசு என்பதால் இறுக்கமானதும் மாற்ற வேண்டும். கம்பி போட்டிருந்தால் அளவெடுத்துச் செய்வதே சரி.

கேள்வி: ஜிம்மில் எடை தூக்கிய அன்று இரவு தாடை வலிக்கிறது. பல்லோடு சம்பந்தமா?
– வாசகர், ஈரோடு

பதில்: தூக்கும்போது பல்லைக் கடிக்கிறீர்கள். பல்லில் விரிசல் விழுவதும் இப்படித்தான். நாக்கின் நுனியை மேல்வரிசை முன்பற்களுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, தூக்கும்போது வாயால் மூச்சை விடுங்கள், கடிக்க வராது. இரண்டு வாரத்தில் வலி குறையாவிட்டாலோ, கடிக்கும்போது ஒரு பல் மட்டும் சுரீர் என்றாலோ எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிடுங்கள்.