மகள் ஒட்டக ஆராய்ச்சிக்குப் போகிறேன் என்கிறாள்

அன்புள்ள அம்மா,

மகள் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் மூன்றாமாண்டு, வீட்டில் பிராய்லர் பண்ணை. படித்து முடித்தால் பண்ணைக்கே டாக்டர் ஆச்சு என்று நீங்கள் நிம்மதியாக இருந்த நேரத்தில், "ஒட்டக நோய்களை ஆராயப் போகிறேன்" என்று குண்டைப் போட்டிருக்கிறாள். பொருட்காட்சித் திடலில் சவாரிக்கு நிற்பதைத் தவிர நாம் ஒட்டகத்தை எங்கே பார்த்தோம்? உங்கள் பதற்றம் நியாயம்தான்.

உங்கள் பண்ணையிலிருந்தே தொடங்குகிறேன். கோழிக்கு ரத்தக் கழிச்சல் வராமலிருக்கத் தீவனத்தில் சாலினோமைசின் கலப்பார்களே, அதை ஒட்டகம் தின்றால் செத்தே போகலாம். மாட்டின் ரத்த ஒட்டுண்ணிக்குப் போடும் டைமினசீன் ஊசியும் அதற்கு ஒத்துக்கொள்ளாது. காய்ச்சல் பார்ப்பதுகூடத் தலைவலிதான். தண்ணீர் கிடைக்காத ஒட்டகத்தின் உடல் வெப்பம் விடியற்காலையில் 34 டிகிரி செல்சியஸ் இருக்கும், பிற்பகலில் 40-ஐத் தொடும். இரண்டுமே அதற்கு இயல்பு! மாட்டுக்குப் படித்ததை அப்படியே ஒட்டகத்திடம் கொண்டுபோக முடியாததால்தான் இது தனி ஆராய்ச்சியாக நிற்கிறது.

சர்ரா என்றொரு நோய். இதன் கிருமியை 1880-இல் கிரிஃபித் எவன்ஸ், இப்போது பாகிஸ்தானில் இருக்கும் தேரா இஸ்மாயில் கானில், குதிரை, ஒட்டக ரத்தத்தில் கண்டுபிடித்தார். மழைக்காலத்தில் பெருகும் கடிக்கும் ஈக்கள்தான் இதைப் பரப்புகின்றன. ராஜஸ்தானில் இதன் பெயர் திபர்சா. மூன்று வருஷம் இழுத்தடிக்கும் நோய் என்று அர்த்தம். காய்ச்சல் வரும், போகும். விலங்கு தின்னும், ஆனால் இளைத்துக்கொண்டே போகும், திமில் வற்றும். கிருமி ரத்தத்தில் குறைந்திருக்கும் நாளில் ஸ்லைடு பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஒட்டகம் வளர்க்கும் ராய்க்கா சமூகத்துப் பெரியவர்களோ, சிறுநீரில் நனைந்த மணலை உருண்டையாகப் பிடித்து முகர்ந்து பார்த்தே இதைச் சொல்வார்களாம். அந்த மூக்குக்கு ஈடாக, களத்திலேயே செய்யக்கூடிய ஒரு மலிவான ரத்தப் பரிசோதனையை உருவாக்குவது மாதிரியான வேலைதான் உங்கள் மகள் கேட்பது. எனக்கு அது அசட்டு ஆசையாகத் தெரியவில்லை.

சரி, பிழைப்பு? இங்கேதான் அவளிடம் கறாராகப் பேச வேண்டும். நம் நாட்டில் ஒட்டகத்துக்கென்றே இருக்கும் மத்திய ஆராய்ச்சி நிலையம் ராஜஸ்தானின் பிக்கானேரில் உள்ளது ஒன்றுதான், 1984-இல் தொடங்கியது. 2012 கணக்கெடுப்பில் 4 லட்சமாக இருந்த ஒட்டகங்கள் 2019-இல் இரண்டரை லட்சமாகிவிட்டன. ஆகவே ஒட்டகத்தை மட்டும் நம்பி இறங்கக் கூடாது. முதுநிலையில் ஒட்டுண்ணியியலோ நுண்ணுயிரியலோ எடுக்கட்டும். சர்ரா கிருமி குதிரை, எருமை, மாடு, நாய் எல்லாவற்றையும் பிடிக்கும். பிக்கானேரில் இடமில்லை என்றால் ஹரியானாவின் ஹிசாரில் குதிரைகளுக்கும் எருமைகளுக்கும் தனித்தனி மத்திய நிலையங்கள் இருக்கின்றன, செய்யும் வேலை அதேதான்.

மத்திய வேளாண் ஆராய்ச்சிப் பணிக்கான ஏ.ஆர்.எஸ். தேர்வில் தேறினால் விஞ்ஞானியின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய். நம் மாநில அரசின் கால்நடை உதவி மருத்துவருக்கு 56,100. பெரிய வித்தியாசமில்லை, ஆகவே சம்பளத்தை வைத்துச் சண்டை போடாதீர்கள். வளைகுடா நாடுகளில் கதை வேறு. அங்கே பந்தய ஒட்டகம் என்றால் சொத்து. துபாயில் ஒட்டகத்துக்கென்றே மருத்துவமனை இருக்கிறது. 2012-இல் சவுதியில் மூச்சுத்திணறல் உண்டாக்கும் மெர்ஸ் வைரஸ் மனிதரிடம் கண்டறியப்பட்டு, அது ஒட்டகத்திடமிருந்து தொற்றுவது என்று தெரிந்த பிறகு வைரஸ் படித்தவர்களுக்கும் அங்கே வேலை இருக்கிறது. முனைவர் பட்டம் முடித்துவிட்டு அதை யோசிக்கலாம்.

முடிவெடுக்கும் முன், முறைப்படி அனுமதி வாங்கி ஒரு குளிர்காலத்தில் இரண்டு வாரம் பிக்கானேர் போய் வரட்டும். வேண்டுமென்றேதான் குளிர்காலம் என்கிறேன். ஆண் ஒட்டகம் மதம் கொள்ளும் பருவம் அது. வாயோரம் நுரை தள்ள, இளஞ்சிவப்புப் பலூன் மாதிரி அண்ணத்தை வெளியே ஊதித் தொங்கவிட்டு, குடத்தில் தண்ணீர் கொப்பளிப்பதுபோல் கத்தும். கடித்தால் கை போய்விடும். அதைப் பார்த்தும் ரத்தம் எடுக்கக் கிட்டே போவாளா என்பது அவளுக்கே தெரிந்துவிடும். ரேபிஸ் தடுப்பூசி முன்கூட்டியே போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். யாராவது அன்பாகப் பச்சைப்பால் கொடுத்தாலும், காய்ச்சாமல் குடிக்கக் கூடாது, புரூசெல்லோசிஸ் என்ற விட்டுவிட்டு வரும் காய்ச்சல் தொற்றலாம். இந்தியும் இப்போதே பழகட்டும், மார்வாடி அங்கே போனால் தானாக ஒட்டிக்கொள்ளும்.

"ஒட்டகம் படித்தவளை யார் கட்டிப்பார்கள்" என்றும் எழுதியிருந்தீர்கள். அதற்கு ஆலோசனை சொல்வது என் வேலை இல்லை அம்மா.

இன்று ராத்திரி சாப்பிடும்போது அவளிடம் ஒன்று கேளுங்கள்: மைக்ராஸ்கோப் முன்னால் ஒரே மூச்சில் எத்தனை மணி நேரம் உட்காருவாய்? ஒட்டகத்தின் பக்கத்தில் நிற்கும் நேரத்தைவிட அதுதான் அதிகம். பதிலை எனக்கு எழுதுங்கள், எந்த முதுநிலைப் பிரிவு என்பதை அப்புறம் பேசலாம்.