அன்னபூர்ணா சுற்று: முதல்முறை மூட்டை தூக்குகிறவர்களின் கேள்விகளும் பதில்களும்

நேபாளத்தின் பெசிசஹர் ஊரில் தொடங்கி, 5,416 மீட்டர் உயரத்திலுள்ள தோராங் லா கணவாயைத் தாண்டி, முக்திநாத்தில் இறங்கும் நடைபாதை இது. வழியெங்கும் விடுதிகள் இருப்பதால் கூடாரமும் அடுப்பும் தேவையில்லை. கையில் காசு குறைவு, மலை அனுபவமும் இல்லை என்பவர்கள் கேட்டவை இங்கே.

அண்ணா, எங்களுக்கு மொத்தமே 12 நாள்தான் லீவு. மனாங் வரைக்கும் ஜீப் போகுதாமே? அதுல போய் அங்கிருந்து நடந்தா நாளும் மிச்சம், காசும் மிச்சம்தானே? (மதுரை)

இரண்டும் மிச்சமாகாது தம்பி. பெசிசஹர் 760 மீட்டர், மனாங் 3,540 மீட்டர். ஒரே மூச்சில் ஏறினால் குறைந்த ஆக்ஸிஜனுக்கு உடம்பு பழகாது. தலைவலியும் வாந்தியுமாக (இதுதான் உயர நோய்) இரண்டு நாள் மனாங்கிலேயே படுக்க வேண்டிவரும். விடுதிச் செலவு ஓடிக்கொண்டிருக்கும். சரியாகாவிட்டால் வந்த ஜீப்பிலேயே இறங்க வேண்டியதுதான்.

3,000 மீட்டருக்கு மேலே, நேற்றுத் தூங்கிய உயரத்தைவிட இன்று சுமார் 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஏறாமல் ஒரு நாள் தங்க வேண்டும். இதன்படி திட்டம் இப்படி வரும்: முதல் நாள் ஜீப்பில் தாராபானி (சுமார் 1,900). பிறகு நடை: சாமே (2,670), மேல் பிசாங் (3,300), ஙவால் (3,660), மனாங். அங்கே ஒரு நாள் ஓய்வு. ஓய்வு என்றால் போர்வைக்குள் கிடப்பதில்லை. எதிர் மேட்டில் 300 மீட்டர் ஏறிவிட்டு இறங்கித் தூங்குவது. அடுத்து யாக் கர்கா (4,050), தோராங் பேதி (4,450), கணவாய் தாண்டி முக்திநாத் (சுமார் 3,760). பத்தாம் நாள் மலையடிவார நகரான பொக்காரா. பனியோ வயிற்றுப்போக்கோ வந்தால் என்று இரண்டு நாள் சேர்த்தால் 12. ரயில், பஸ் பயணத்துக்கு 8 நாள். ஆக 20 நாள் லீவு வேண்டும்.

12 நாள்தான் என்றால் இந்தச் சுற்றையே விடுங்கள். அதே அன்னபூர்ணாப் பகுதியிலுள்ள கோரேபானி, பூன் ஹில் (3,210 மீட்டர்) நடை நாலு நாளில் முடியும். முதல் பயணத்துக்கு அது ஒன்றும் குறைவில்லை.

சென்னையிலிருந்து சிக்கனமாப் போகணும். மொத்தம் எவ்வளவு ஒதுக்கணும் சார்?

ராப்திசாகர் எக்ஸ்பிரஸில் கோரக்பூர், அங்கிருந்து பஸ்ஸில் சுனௌலி எல்லை. நடந்தே தாண்டி, பைரஹவாவில் பொக்காரா பஸ் பிடிக்கலாம். பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை அசலாகக் கையில் இருக்கட்டும். ஆதாரை மட்டும் நம்பிக் கிளம்பாதீர்கள்.

பாதையில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 2,000 முதல் 2,500 இந்திய ரூபாய் என்று வையுங்கள். 12 நாளுக்கு 24,000 முதல் 30,000. ஒரு இந்திய ரூபாய்க்கு 1.60 நேபாள ரூபாய், நிலையான மாற்று விகிதம். அன்னபூர்ணா பாதுகாப்புப் பகுதி அனுமதிச் சீட்டு இந்தியா உள்ளிட்ட சார்க் நாட்டவருக்கு 1,000 நேபாள ரூபாய். பொக்காராவிலேயே வாங்கிவிடுங்கள், சோதனைச் சாவடியில் சீட்டில்லாமல் நின்றால் இரண்டு மடங்கு.

அறை வாடகை சொற்பம், ஆனால் இரவும் காலையும் அங்கேயே சாப்பிட வேண்டும் என்பது எழுதாத ஒப்பந்தம். பணம் கரைவது வெந்நீர்க் குளியல், போன் சார்ஜ், பாட்டில் தண்ணீர், சாக்லேட்டில்தான். ஏற ஏற எல்லாம் விலை கூடும். 20,000 எம்.ஏ.எச். பவர் பேங்கும் குளோரின் மாத்திரையும் இருந்தால் பாதிச் செலவு அடங்கும். முழுப் பணத்தையும் பொக்காராவிலேயே நேபாள நோட்டாக மாற்றிக்கொள்ளுங்கள், மலையில் ஏ.டி.எம்.மை நம்பாதீர்கள்.

வழிகாட்டி: 2023 ஏப்ரல் 1 முதல் வெளிநாட்டு மலையேறிகள் உரிமம் பெற்ற வழிகாட்டியுடன்தான் போக வேண்டும் என்று நேபாள சுற்றுலா வாரியம் விதித்தது. இப்போதைய நடைமுறையைப் பொக்காரா அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். விதி இருக்கட்டும், முதல்முறை போகிறவர்கள் நாலு பேர் சேர்ந்து ஒருவரை வைத்துக்கொள்வது நல்லது. பங்கு போட்டால் பெரிய தொகையில்லை.

பை எத்தனை லிட்டர்? எவ்வளவு எடை தூக்கலாம்?

45 முதல் 50 லிட்டர் போதும். 65 வாங்கினால் 65-ஐயும் நிரப்புவீர்கள். தண்ணீர் இல்லாமல் 8 கிலோ என்று கோடு போட்டுக்கொண்டு, ஒவ்வொரு பொருளையும் சமையலறைத் தராசில் வைத்து எழுதுங்கள். பை 1.5 கிலோ, மைனஸ் 5 டிகிரி வரை தாங்கும் தூக்கப்பை (ஸ்லீப்பிங் பேக்) 1.3 (பொக்காராவில் வாடகைக்குக் கிடைக்கும், வாங்க வேண்டாம்); இறகு ஜாக்கெட் அரை கிலோ; மழைக்கோட்டு 400 கிராம். மிச்சத்தில்தான் துணிமணி, மருந்து, பவர் பேங்க் எல்லாம்.

ஜீன்ஸும் காட்டன் பனியனும் வேண்டாம். வியர்வையில் நனைந்தால் காயாது; நின்றதும் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். விதிவிலக்கு ஒன்று: காசித் துண்டு. கனமில்லை, பைமேல் போட்டால் நடக்க நடக்கக் காய்ந்துவிடும். கடையில் விற்கும் மலையேற்றத் துவாலைக்குக் காசு கொடுக்க வேண்டாம்.

இடுப்புப் பட்டையை இடுப்பெலும்பின் மேட்டின்மேல் வைத்து முதலில் இறுக்குங்கள், தோள்பட்டை வார் பிறகுதான். வரிசை மாறினால் கனம் முழுவதும் கழுத்தில் இறங்கும்.

புது ஷூ வாங்கியிருக்கேன். கொப்புளம் வராம இருக்க என்ன பண்ணணும்?

ஈரமும் உரசலும் சேர்ந்தால் கொப்புளம். கிளம்புமுன் அந்த ஷூவில் 60 கிலோமீட்டராவது நடந்திருக்க வேண்டும். ஷூ வாங்கும்போது கால் முன்னால் முட்ட, குதிகாலுக்குப் பின்னே ஒரு விரல் நுழைய வேண்டும். இல்லையென்றால் கணவாயிலிருந்து முக்திநாத்துக்கு 1,600 மீட்டர் இறக்கத்தில் கட்டைவிரல் நகம் கறுத்துவிடும். சுருக்கென்று சூடு தெரிந்த அந்த நிமிஷமே நின்று, துடைத்து, பிளாஸ்டர் ஒட்டுங்கள். "அடுத்த ஊர்ல பாத்துக்கலாம்" என்றால் அடுத்த ஊரில் கொப்புளத்தைத்தான் பார்ப்பீர்கள்.

சென்னையில மலையே இல்லையே, எப்படிப் பயிற்சி எடுக்கறது?

மாடிப்படி இருக்கிறதே. ஒரு மாடி சுமார் 3 மீட்டர். பத்து மாடிக் கட்டடத்தைப் பத்து தடவை ஏறினால் 300 மீட்டர். பையில் தண்ணீர் பாட்டில் போட்டு 4 கிலோவில் தொடங்கி, எட்டு வாரத்தில் 9 கிலோவுக்கு வாருங்கள். வாரம் மூன்று நாள். இறங்கும்போதும் பையோடுதான், முட்டி தேய்வது இறக்கத்தில். கடைசிப் பரீட்சைக்கு வெள்ளியங்கிரி ஏழு மலை, அனுமதி உள்ள மாதங்களில். ஆனால் எவ்வளவு ஓடினாலும் உயர நோய்க்கு அது கவசமாகாது. வேகமாக ஏறுகிறவர்களே அதில் அதிகம் மாட்டுகிறார்கள்.

டயமாக்ஸ் (உயர நோய் மாத்திரை) போட்டுக்கிட்டா வேகமா ஏறலாமா?

கூடாது. அது உடம்பு பழகுவதற்குக் கைகொடுக்கும், அவ்வளவே. தடுப்புக்கு வழக்கமான அளவு 125 மில்லிகிராம், காலை இரவு. சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது; மற்றவர்களும் ஊரிலேயே ஒரு மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். விரல் நுனி மரக்கும், அடிக்கடி சிறுநீர் போகும், பயப்பட வேண்டாம்.

பயப்பட வேண்டியது வேறு. உடம்பு சரியில்லாதவரை நேர்கோட்டில் குதிகாலும் கட்டைவிரலும் தொட நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினால் மூளையில் வீக்கம். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால் நுரையீரலில் நீர். இரண்டுக்கும் விடியும்வரை காத்திருக்காமல் உடனே கீழே இறக்குங்கள். இன்சூரன்ஸ் எடுக்கும்போது 5,416 மீட்டரும் ஹெலிகாப்டர் மீட்பும் அடங்குமா என்று எழுத்தில் கேளுங்கள்; பல பாலிசிகளில் உயர வரம்பு பொடி எழுத்தில் இருக்கும்.

சைவம் மட்டும்தான் சாப்பிடுவேன். சமாளிக்கலாமா?

கறியைவிட அங்கே சைவமே பத்திரம். தால் பாத் கேட்டால் சோறு, பருப்பு, காய் மறுபடி மறுபடி போடுவார்கள். பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல் கொஞ்சம் எடுத்துப் போங்கள். நாலாம் நாள் அதன் அருமை தெரியும். நடைக்குக் கோவில்பட்டி கடலைமிட்டாய், நாளுக்கு 100 கிராம்.

எங்கம்மாவுக்கு முக்திநாத் பார்க்கணும், 108 திவ்ய தேசத்துல ஒண்ணாச்சே. நாங்க நடந்து வர்ற அன்னிக்கு அவங்க பொக்காராவிலிருந்து ஜீப்ல வந்துடலாமா?

வரலாம். திருச்சாளக்கிராமம் என்று ஆழ்வார் பாடிய தலத்துக்கு அந்தப் பக்கம் சாலை இருக்கிறது. ஆனால் ஒரே நாளில் கூட்டி வராதீர்கள். வழியிலுள்ள ஜோம்சோமில் (2,720 மீட்டர்) ஒரு இரவு, முடிந்தால் இரண்டு. காலையில் ஏறி, தரிசனம் முடித்து, ஜோம்சோமுக்கே இறங்கித் தூங்கட்டும். 108 தாரையில் குளிப்பது அவர்கள் விருப்பம். தண்ணீர் உறைபனிக் குளிர், ரத்த அழுத்தம் இருந்தால் தலையில் தெளித்துக்கொண்டால் போதும்.

கணவாய் தாண்டுற அன்னைக்கு எத்தனை மணிக்குக் கிளம்பணும்?

விடிகாலை நாலிலிருந்து ஐந்துக்குள். காலை முற்ற முற்ற மேலே காற்று பலமாகும். தண்ணீர்ப் பையின் உறிஞ்சு குழாய் உறைந்துவிடும், அதனால் பாட்டில். அதையும் தலைகீழாக வையுங்கள், மேல்பக்கம்தான் முதலில் உறையும். போனையும் பவர் பேங்கையும் முந்தின இரவு தூக்கப்பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

முந்தின நாள் பனி கொட்டினால் தோராங் பேதியிலேயே தங்கிவிடுங்கள். 2014 அக்டோபரில் ஹுட்ஹுட் புயலின் மிச்சம் பனிப்புயலாகி இந்தச் சுற்றிலும் சுற்றுப்புறத்திலும் 40-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அது நல்ல சீசன் என்று பெயரெடுத்த மாதம். திட்டத்தில் இரண்டு நாள் கூடுதலாக வைத்தது இதற்காகத்தான்.