பெர்த்துக்குக் குடிபோகிறோம், மலேசியக் கடப்பிதழைப் புதுப்பிக்க வேண்டுமா?

கேள்வி: ஐயா, நிபோங் திபால் அருகே செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய தாமானில் குடியிருக்கிறோம். என் கணவருக்கு ஆஸ்திரேலியாவில் நிரந்தர வசிப்பிட விசா கிடைத்திருக்கிறது. நானும் இரண்டு பிள்ளைகளும் அதில் சேர்ந்திருக்கிறோம். தீபாவளி முடிந்ததும் பெர்த்துக்குப் புறப்படுகிறோம். கணவரின் கடப்பிதழ் அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் காலாவதியாகிறது. எங்களுடையவை அதற்குச் சில மாதங்கள் கழித்து. “எப்படியும் ஆஸ்திரேலியக் கடப்பிதழ் எடுக்கப்போகிறோம், எதற்கு வீண்செலவு?” என்கிறார் கணவர். மெல்பர்னில் இருக்கும் என் அண்ணனோ, “புதுப்பித்து வைத்துக்கொள். பிறகு இரண்டையும் வைத்துக்கொண்டு விமான நிலையத்தில் மாற்றி மாற்றிக் காட்டினால் போதும்” என்கிறார். இதற்கு நடுவில் ஓர் ஏஜண்ட், 1953இல் இங்கே தோட்டத்தில் பிறந்த என் மாமனாருக்கும் 1981இல் பிறந்த கணவருக்கும் பிரிட்டிஷ் கடப்பிதழே வாங்கலாம் என்று ஆசை காட்டுகிறார். 2011இல் என் பெயரில் வாங்கிய வீட்டில் அம்மா இருக்கிறார். நாங்கள் என்ன செய்வது?

பதில்: புதுப்பியுங்கள், சகோதரி. நால்வருடையதையும், புறப்படும் முன்பே, இங்கேயே புதுப்பியுங்கள்.

உங்கள் கணவர் நிரந்தர வசிப்பிடத்தையும் குடியுரிமையையும் ஒன்றாக நினைத்துவிட்டார். நிரந்தர விசா என்பது அந்த நாட்டில் தங்கவும் வேலை செய்யவும் கிடைக்கும் அனுமதி. பெர்த்தில் இறங்கும்போதும் நீங்கள் மலேசியர்தான். ஆஸ்திரேலியக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கவே பொதுவாக நான்கு ஆண்டுகள் முறையாக அங்கே வசித்திருக்க வேண்டும். அதில் கடைசி ஓராண்டு நிரந்தர வசிப்பாளராக இருந்திருக்க வேண்டும். அந்த நான்கு ஆண்டுகளில் மொத்தம் பன்னிரண்டு மாதங்களுக்கு மேலும், கடைசி ஆண்டில் தொண்ணூறு நாள்களுக்கு மேலும் வெளியே இருந்திருக்கக் கூடாது. அதன்பின் தேர்வு, ஒப்புதல், உறுதிமொழிச் சடங்கு. இத்தனை காலமும் உங்கள் கையில் இருக்கும் ஒரே பயண ஆவணம் மலேசியக் கடப்பிதழ். அது காலாவதியாகிக் கிடக்கும் நேரத்தில் அம்மாவுக்கு உடம்புக்கு முடியவில்லை என்று போன் வந்தால், அன்றிரவே விமானம் ஏற முடியாது.

செலவைப் பற்றிக் கணவர் கவலைப்பட வேண்டாம். ஐந்தாண்டுக்கு வழக்கமான கட்டணம் 200 ரிங்கிட். சிறு பிள்ளைகளுக்கு அதில் பாதி. இங்கே குடிநுழைவுத் துறை அலுவலகத்தில் பெரும்பாலும் ஒரே நாளில் முடிகிற வேலை, வெளிநாட்டிலுள்ள தூதரகம் வழியாகச் செய்தால் வாரக்கணக்கில் இழுக்கும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். உங்கள் விசா கடப்பிதழில் ஒட்டிய தாள் அன்று. கடப்பிதழ் எண்ணோடு கணினியில் இணைந்திருப்பது. புதிய கடப்பிதழ் கைக்கு வந்ததும் அந்த எண்ணை ஆஸ்திரேலியக் குடிநுழைவுக் கணக்கில் மாற்றிப் பதியுங்கள். இதைச் செய்யாதவர்கள்தான் விமான நிறுவனத்தின் முகப்பில் பெட்டிகளோடு நின்று திண்டாடுகிறார்கள்.

இப்போது உங்கள் அண்ணன் சொன்ன யோசனை. ஆஸ்திரேலியா தன் குடிமக்கள் வேறொரு குடியுரிமை வாங்குவதை 2002 ஏப்ரல் முதல் தடுப்பதில்லை. அங்கே அவரோடு வேலை செய்யும் ஆங்கிலேயரும் நியூசிலாந்துக்காரரும் இரண்டு கடப்பிதழ்களோடு இருப்பதைப் பார்த்து அவர் பேசுகிறார். அவர்களுடைய நாடுகள் அனுமதிக்கின்றன. நம் நாடு அனுமதிப்பதில்லை. கூட்டரசு அரசமைப்புச் சட்டத்தின் 24ஆவது பிரிவைப் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். மலேசியர் ஒருவர் தாமே விரும்பி, முறைப்படி வேறு நாட்டுக் குடியுரிமையைப் பெற்றிருக்கிறார் என்று அரசாங்கம் உறுதிகொண்டால், ஆணை பிறப்பித்து அவருடைய குடியுரிமையைப் பறிக்கலாம். அந்நாட்டுக் குடிமக்களுக்கு மட்டுமே உள்ள உரிமையை அவர் விரும்பிப் பயன்படுத்தினாலும் பறிக்கலாம். வேற்றுநாட்டுக் கடப்பிதழுக்கு விண்ணப்பிப்பது, அதைப் புதுப்பிப்பது, அதைக் காட்டிப் பயணம் செய்வது, அந்நாட்டு அரசியல் தேர்தலில் வாக்களிப்பது ஆகியவை அத்தகைய உரிமையைப் பயன்படுத்தியதாகவே கொள்ளப்படும்.

வாக்களிப்பைப் பற்றிச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் குடிமகனுக்கு வாக்களிப்பது கட்டாயம், போகாவிட்டால் அபராதம். அங்கே குடிமகனாகிவிட்டு, கடப்பிதழை மட்டும் எடுக்காமல் இருந்து மலேசியச் சட்டத்திலிருந்து தப்பிக்கலாம் என்று நினைப்பவரையும் வாக்குச்சாவடி விடாது.

இந்தப் பிரிவைப் பற்றி நம்மவர்களிடையே இரண்டு விதமான தவறான பேச்சு உலவுகிறது. வெளிநாட்டில் உறுதிமொழி எடுத்த அந்த நொடியே மலேசியக் குடியுரிமை தானாகப் போய்விடும் என்பது ஒன்று. அப்படி இல்லை; அரசாங்கத்தின் ஆணை வேண்டும். ஆணைக்கு முன் காரணத்தை எழுத்தில் தெரிவிக்க வேண்டும், விசாரணைக் குழுவிடம் அனுப்பச் சொல்லிக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு என்று 27ஆவது பிரிவு சொல்கிறது. “இத்தனை வருடமாக யாரும் கேட்கவில்லை, ஆகவே குற்றமில்லை” என்பது மற்றொன்று. கேட்காமல் இருப்பது அனுமதி ஆகாது. ஆஸ்திரேலியக் கடப்பிதழில் பிறந்த ஊர் அச்சாகியிருக்கும். அதைக் காட்டிப் பயணியாக உள்ளே வரும்போது, மலேசியாவில் பிறந்தவராயிற்றே, மலேசியக் குடியுரிமையைத் துறந்துவிட்டீர்களா என்று முகப்பில் இருக்கும் அதிகாரி கேட்கலாம். அங்கேயே பொய் சொல்லத் தொடங்க வேண்டியிருக்கும். மலேசியக் கடப்பிதழை அங்குள்ள தூதரகத்தில் புதுப்பிக்கப் போனால், எந்த விசாவில் தங்கியிருக்கிறீர்கள் என்று காட்டச் சொல்வார்கள். குடிமகனுக்கு ஏது விசா? விண்ணப்பத்தில் பொய்யாக எதையாவது நிரப்பினால், குடியுரிமைச் சிக்கலோடு கடப்பிதழ்ச் சட்டத்தின்கீழ் குற்றமும் சேரும். வாழ்நாள் முழுவதும் ஒவ்வொரு முகப்பிலும் நெஞ்சு படபடக்க நிற்பது எனக்குச் சுகமான வாழ்க்கையாகத் தெரியவில்லை. அண்ணனிடம் இப்போது எத்தனை கடப்பிதழ்கள் இருக்கின்றன என்று நான் கேட்கவில்லை. அவரே ஒரு வழக்கறிஞரைத் தனியாகப் பார்ப்பது நல்லது.

ஏஜண்ட் சொன்ன பிரிட்டிஷ் கதையில் கொஞ்சம் உண்மை இருப்பதால்தான் அது ஆபத்தானது. உங்கள் நிபோங் திபால் அடங்கிய செபராங் பிறை உள்ளிட்ட பினாங்கும் மலாக்காவும் நேரடி பிரிட்டிஷ் காலனிகளாக இருந்தவை. மெர்டேக்காவுக்கு (விடுதலைக்கு) முன் அங்கே பிறந்தவர்களுடைய பிரிட்டிஷ் தகுதியை 1957இல் லண்டன் பறிக்கவில்லை. பலருக்கு அது தொடர்ந்தது. அவர்களுக்கு மணவுறவில் பிறந்த பிள்ளைகளுக்கும் போனது. 1983இல் ‘பிரிட்டிஷ் கடல்கடந்த குடிமகன்’ என்ற புதுப் பெயரோடு நின்றது. ஆகவே உங்கள் மாமனாருக்கும் கணவருக்கும் அந்தத் தகுதி ஏட்டளவில் இருக்கக்கூடும். ஆனால் அதைக் கொண்டு பிரிட்டனில் குடியேற முடியாது, வேலை செய்ய முடியாது. மற்ற வெளிநாட்டாரைப் போலவே குடிநுழைவுக் கட்டுப்பாடு உண்டு. பிறப்பால் தானாக வந்த தகுதி ஒருபக்கம் கிடக்கட்டும். அதன் பேரில் கடப்பிதழ் வாங்க நீங்களே விண்ணப்பிக்கும்போது மேலே சொன்ன 24ஆவது பிரிவு எழுந்து நிற்கும்.

இதைவிடக் கொடுமையான ஒன்று உண்டு. இரண்டாயிரங்களின் தொடக்கத்தில், மலேசியக் குடியுரிமையைத் துறந்துவிட்டால் வேறு நாடு இல்லாதவர் என்ற கணக்கில் பிரிட்டன் முழுக் குடியுரிமை தந்துவிடும் என்ற யோசனையை நம்பிப் பல மலேசியர்கள் துறந்தார்கள். பிரிட்டிஷ் சட்டமோ, 2002 ஜூலை 4க்குப் பிறகு வேறு குடியுரிமையைத் துறந்தவருக்கு அந்த வழி கிடையாது என்கிறது. அவர்கள் மலேசியரும் இல்லாமல், பிரிட்டனில் வாழும் உரிமையும் இல்லாமல், ஆண்டுக்கணக்கில் நடுவில் மாட்டிக்கொண்டார்கள். குடியுரிமை இல்லாத நிரந்தர வசிப்பாளருக்கான சிவப்பு அடையாள அட்டையோடும், அதுகூட இல்லாமலும் தோட்டத்திலேயே வாழ்ந்து மடிந்த பாட்டிகளை நம் குடும்பங்கள் பார்த்திருக்கின்றன. குடிமக்களுக்கான நீல அட்டைக்காக எத்தனை முறை பதிவுத் துறை வாசலில் உட்கார்ந்திருப்பார்கள்! அப்படிக் கிடைத்ததை ஒரு ஏஜண்டின் பேச்சுக்காகக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்காதீர்கள்.

நான்கைந்து ஆண்டுகள் கழித்து உண்மையாகவே ஆஸ்திரேலியக் குடியுரிமை எடுக்க முடிவு செய்தால், எது முன், எது பின் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. முதலில் ஆஸ்திரேலியக் குடியுரிமைச் சான்றிதழ் கைக்கு வர வேண்டும். பிறகு தாமதிக்காமல், அங்குள்ள மலேசியத் தூதரகத்தில் குடியுரிமையைத் துறப்பதற்கான ‘கே’ பாரம் கொடுத்து, மைகார்டு என்னும் அடையாள அட்டையையும் மலேசியக் கடப்பிதழையும் ஒப்படைத்துத் துறப்பை முறைப்படி பதிவு செய்யுங்கள். பெர்த்திலேயே மலேசியத் துணைத்தூதரகம் இருக்கிறது. அதன்பின் மலேசியக் கடப்பிதழைப் புதுப்பிக்கும் பேச்சே இல்லை. அம்மாவைப் பார்க்க ஆஸ்திரேலியக் கடப்பிதழோடு வந்து, பயணியாகத் தொண்ணூறு நாள்கள் தங்கலாம். ஆனால் மனம் மாறித் திரும்ப வேண்டுமென்றால், துறந்தவரை மீண்டும் குடிமகனாகப் பதிய அரசாங்கத்தின் ஒப்புதல் வேண்டும் என்று 18ஆவது பிரிவு சொல்கிறது. அதை நம்பி யாரும் துறக்கக் கூடாது.

துறந்தே தீர வேண்டும் என்றும் இல்லை. நிரந்தர வசிப்பாளராகவே காலம் முழுக்க இருப்பதும் முழுக்கச் சட்டப்படியானது. வெளியே போய்த் திரும்பும் அனுமதி முதலில் ஐந்தாண்டுக்குத்தான் இருக்கும், பிறகு திரும்பி வரும் விசாவைப் புதுப்பித்துக்கொண்டே போக வேண்டும், அவ்வளவுதான். சில குடும்பங்களில் கணவன், மனைவி இருவரில் ஒருவர் மட்டும் மாறுகிறார். வீடும் அம்மாவும் இங்கே இருக்கும் நிலையில், நீங்கள் மலேசியராகவே தொடர்வதைத்தான் நான் தீவிரமாக யோசிக்கச் சொல்வேன். 2011இல் வாங்கிய வீட்டை இப்போது மலேசியராக விற்றால் சொத்து ஆதாய வரி இல்லை, ஐந்தாண்டு தாண்டிவிட்டது. குடியுரிமையைத் துறந்தபின் விற்றால் ஐந்தாண்டு தாண்டியிருந்தாலும் ஆதாயத்தில் 10 விழுக்காடு. ஒன்றரை லட்சம் ரிங்கிட் ஆதாயம் என்றால், கழிவுகள் போகவும் பத்தாயிரத்துக்கு மேல் போய்விடும். துறந்தபின் இங்கே வேறு நிலமோ வீடோ வாங்கவும் மாநில அரசின் ஒப்புதல் தேவைப்படும். ஆகவே விற்பதோ பெயர் மாற்றுவதோ எதுவானாலும் ‘கே’ பாரத்துக்கு முன்பே முடியுங்கள். கணவருடைய சேமநிதி இதற்கு நேர்மாறானது: நாட்டை விட்டுப் போகிறேன் என்று சொல்லி முழுத் தொகையையும் எடுக்க, குடியுரிமையைத் துறந்ததற்கான ஆவணத்தை ஊழியர் சேமநிதி வாரியம் கேட்கும்; நிரந்தர விசாவைக் காட்டினால் போதாது.

பிள்ளைகள் விஷயத்தில் அவசரப்படாதீர்கள். பெற்றோர் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது 16 வயதுக்குக் கீழுள்ள பிள்ளைகளையும் சேர்க்க ஆஸ்திரேலியா இடம் தருகிறது; பலர் யோசிக்காமல் பெயரை எழுதிவிடுகிறார்கள். மலேசியாவிலோ 21 வயதாகாமல் குடியுரிமையைத் துறக்க 23ஆவது பிரிவு இடம் தருவதில்லை. நீங்கள் துறந்தால் அவர்களுடையதும் சேர்ந்து போகாது. இங்கே பிறந்து சட்டத்தின் இயக்கத்தால் குடிமக்களானவர்கள் அவர்கள். அதனால் சேர்த்துவிட்டால் வயது வரும்வரை இரண்டு நாட்டுக்கும் நடுவில் நிற்பார்கள், 24ஆவது பிரிவின் கேள்வியும் அவர்கள் தலைமேல் இருக்கும். அவர்களை நிரந்தர வசிப்பாளர்களாகவே மலேசியக் கடப்பிதழோடு வளரவிட்டு, வயது வந்தபின் அவர்களையே முடிவு செய்யச் சொல்வதுதான் என் விருப்பம். ஆனால் அங்கே படிப்புக் கடன் போன்ற சில சலுகைகள் குடிமக்களுக்கே என்பதால், பல்கலைக்கழகம் நெருங்கும்போது இதை மறுபடி எடுத்துப் பேச வேண்டியிருக்கும்.

இந்த வாரம் நால்வரும் போய்ப் படமெடுத்துக் கடப்பிதழ் வேலையை முடியுங்கள். போகும்போது எல்லாருடைய பிறப்புப் பத்திரம், திருமணச் சான்றிதழ், மாமனாரின் பிறப்புப் பத்திரம் ஆகியவற்றின் சான்றளிக்கப்பட்ட நகல்களை எடுத்து ஒரு தொகுதியை அம்மாவிடம் வையுங்கள். மூலப் பத்திரங்களை ஏஜண்ட் எவரிடமும் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே கொடுத்திருந்தால் இன்றே திரும்ப வாங்குங்கள்.