முதல் ஏர் பிஸ்டல்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பாரிஸ் ஒலிம்பிக்கில் 2024-ல் மனு பாகர் துப்பாக்கி சுடுதலில் இரண்டு வெண்கலம் வாங்கியதிலிருந்து ரேஞ்சுக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் கேட்பது "எதை வாங்கலாம் சார்?" என்பதைத்தான். எப்படி நிற்பது, எப்படிப் பிடிப்பது என்ற கேள்வியெல்லாம் அப்புறம்தான் வருகிறது. அடிக்கடி வந்தவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன். ஒன்றைத் தவிர எல்லாமே 10 மீட்டர் ஏர் பிஸ்டல் பற்றியவை.

ஏர் பிஸ்டலுக்கு லைசென்ஸ் வேண்டுமா? வீட்டில் பயப்படுகிறார்கள். (கல்லூரி மாணவர், திருநெல்வேலி)

வேண்டாம். 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி குழாய் விட்டம் 4.5 மி.மீ.க்கு மேல் போகாமல், குண்டு வெளியேறும் ஆற்றல் 20 ஜூலுக்குள் இருந்தால் லைசென்ஸ் தேவையில்லை. போட்டிக்கான ஏர் பிஸ்டல் அரை கிராம் பெல்லட்டை (அதன் ஈயக் குண்டு) வினாடிக்கு 150 மீட்டர் வாக்கில் தள்ளுகிறது. கணக்குப் போட்டால் ஆறு ஜூல்கூட வராது.

கடையில் அடையாளச் சான்று கேட்பார்கள், கொடுங்கள். பில்லைப் பத்திரமாக வையுங்கள். சீரியல் நம்பர் அந்தப் பில்லில் இருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள். லைசென்ஸ் இல்லை என்பதற்காக இடுப்பில் செருகிக்கொண்டு டீக்கடைக்குப் போகலாம் என்று அர்த்தமில்லை. தூரத்திலிருந்து பார்க்கிற போலீஸ்காரருக்கு அது ஏர் பிஸ்டல் என்று தெரியாது. காக்கா, புறா, மயில் என்று எதன்மீதும் நீட்டாதீர்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-லிருந்து இருக்கிறது, அதற்கு ஏர் கன் என்று சலுகை கிடையாது.

இரண்டு லட்சம் வரை அப்பா தருகிறேன் என்கிறார். ஸ்டெயர், வால்தர், மொரினி, பார்தினி... எது பெஸ்ட்? (கோயம்புத்தூர்)

முதலில் ஒன்று: அப்பாவிடம் அந்தப் பணத்தை மூன்று மாதம் வங்கியிலேயே வைத்திருக்கச் சொல்லுங்கள். அதுவரை கிளப் பிஸ்டலில் சுடுங்கள். சென்னை ரைபிள் கிளப், திருச்சி ரைபிள் கிளப் போன்ற இடங்களில் பழகுகிறவர்களிடம் விதவிதமான பிஸ்டல்கள் இருக்கும். கேட்டால் பெரும்பாலும் கையில் கொடுத்துப் பார்க்கச் சொல்வார்கள்.

ஏன் அவசரம் வேண்டாம் என்பதற்கு ஒரு கணக்கு சொல்கிறேன். டார்கெட்டின் நடுவில் பத்துப் புள்ளி தரும் வளையத்தின் விட்டம் 11.5 மி.மீ. நீங்கள் சொன்ன நான்கில் எதையும் வைஸில் இறுக்கிக் கட்டிச் சுட்டால் குண்டுகள் அந்தப் பத்துக்குள்ளேயே விழும். ஆக, துல்லியத்தில் நான்கும் உங்களைவிடவும் என்னைவிடவும் மேல். இப்போது கைக்கு வருவோம். குறி பார்க்க உதவும் முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் நடுவே சுமார் 32 செ.மீ. இருக்கிறது. கை மொத்தமாக 5 மி.மீ. ஆடினால் குண்டும் 5 மி.மீ. தள்ளி விழும், அதுவும் பத்துதான். ஆனால் மணிக்கட்டு லேசாக மடங்கி, முன் சைட் பின் சைட்டின் பள்ளத்தில் ஒரே ஒரு மி.மீ. விலகினால் 10 மீட்டரில் அது 31 மி.மீ. ஆகிவிடும். அது ஏழு புள்ளிதான். கை ஆடுவதற்குப் பயப்பட வேண்டாம், மணிக்கட்டு மடங்குவதற்குத்தான் பயப்பட வேண்டும். மணிக்கட்டை ஒரே மாதிரி நிற்க வைப்பது க்ரிப், அதாவது கைப்பிடி.

அதனால் நான் பிராண்டைப் பார்ப்பதற்கு முன் க்ரிப்பைப் பார்ப்பேன். மாட்ச் பிஸ்டல்களின், அதாவது போட்டிக்கான பிஸ்டல்களின் மரக் க்ரிப் சட்டை மாதிரி ஸ்மால், மீடியம், லார்ஜ் என்று அளவில் வரும். உங்களுக்கு எது சரி என்று கண்டுபிடிக்க ஒரு சோதனை உண்டு. குண்டு போடாமல், பிஸ்டலை இடது கையால் வலது கையின் கட்டைவிரல் இடுக்கில் நன்றாக மேலே ஏற்றி உட்கார வையுங்கள். கண்ணை மூடிக்கொண்டு டார்கெட் பக்கம் கையைத் தூக்குங்கள். ஒரு மூச்சு விட்டுக் கண்ணைத் திறங்கள். முன் சைட் பள்ளத்தின் நடுவில், மேல் விளிம்பு சமமாக நிற்கிறதா? நின்றால் அந்தக் க்ரிப் உங்களுடையது. ஒவ்வொரு முறையும் இடது பக்கமே ஒதுங்குகிறது, அல்லது தலை தூக்குகிறது என்றால் க்ரிப்பின் கோணத்தைத் திருப்ப வேண்டும், அல்லது அளவு மாற்ற வேண்டும். மணிக்கட்டை முறுக்கிச் சரிசெய்யாதீர்கள். ஒரு போட்டியின் 60 குண்டுக்கும் அப்படி முறுக்க முடியாது.

அடுத்து விரல். ட்ரிகரில் படுவது ஆள்காட்டி விரலின் முதல் கணுவின் சதைப்பகுதி மட்டும். அந்த விரலின் பக்கவாட்டு மரத்தில் உரசக் கூடாது. உரசினால் இழுக்கும்போது மரமும் சேர்ந்து தள்ளப்படும். உப்புத்தாள் வைத்துத் தேய்த்து இடம் பண்ணலாம், உள்ளங்கையில் காலி இடம் தெரிந்தால் மரப்புட்டி அப்பலாம். லட்ச ரூபாய்ப் பொருளைத் தேய்க்க எல்லோருக்கும் மனசு வராது. ஆனால் தேசியப் போட்டிக்கு வருகிறவர்களின் க்ரிப்பைப் பாருங்கள், ஒட்டுப்போட்டு அசிங்கமாகத்தான் இருக்கும். கீழே இருக்கும் உள்ளங்கைத் தாங்கியை மட்டும் இறுக்கி நெரிக்காதீர்கள். கை உட்கார்ந்தால் போதும். மணிக்கட்டைச் சுற்றி மரம் பிடிப்பது விதிப்படியும் தப்பு.

சரி, மாடலுக்கு வருவோம். ட்ரிகர் எடை குறைந்தது 500 கிராம், பிஸ்டலின் மொத்த எடை அதிகபட்சம் 1500 கிராம் என்பது சர்வதேச விதி, நான்குமே அதற்குள்தான். மொரினியில் எலெக்ட்ரானிக் ட்ரிகர், பேட்டரியில் ஓடும், கண்ணாடி உடைவது போல் சுத்தமாக விடும். மற்றவற்றில் மெக்கானிக்கல் ட்ரிகர் வாங்கலாம். புதியவருக்கு இரண்டும் ஒன்றுதான். நான் கேட்பது வேறு: பழுதானால் உங்கள் ஊரிலோ பக்கத்திலோ பார்க்க ஆள் இருக்கிறாரா, சீல் (காற்று கசியாமல் அடைக்கும் வளையம்) கிடைக்குமா? டோக்கியோவில் தகுதிச் சுற்றின் நடுவே மனு பாகரின் பிஸ்டல் பழுதாகி நேரம் போயிற்று. 575 எடுத்து 12-ஆவது இடத்தில் நின்றார், மேலே போக முடியவில்லை. ஒலிம்பிக்கிலேயே அது நடக்கும்போது, உங்கள் கிளப்பில் இரண்டு மூன்று பேர் வைத்திருக்கிற மாடலையே நீங்களும் வாங்குவது புத்திசாலித்தனம். உதிரிபாகம் கைமாற்றாகக் கிடைக்கும், கோச்சுக்கும் அதன் திருகெல்லாம் தெரிந்திருக்கும்.

அவ்வளவு பணம் இல்லை. ஆன்லைனில் பார்க்கிற CO2 பிஸ்டல், ஸ்ப்ரிங் பிஸ்டலில் ஆரம்பிக்கலாமா? (தஞ்சாவூர்)

எஃகு உருண்டை சுடுகிற CO2 பிஸ்டல் பார்க்க அசலாக இருக்கும், இந்த விளையாட்டுக்கு ஆகாது. அதற்குக் குழாயில் ரைஃப்ளிங் (குண்டைச் சுழல வைக்கும் உள்வரிகள்) இருக்காது, உருண்டை கெட்டியான இடத்தில் பட்டால் திரும்பிப் பாயும். கண் பத்திரம். ஸ்ப்ரிங் பிஸ்டலில் பிஸ்டன் முன்னால் ஓடி இடிக்கிறது, அந்த உதறல் குண்டு குழாயை விட்டுப் போவதற்கு முன்பே வந்துவிடுகிறது. அதைச் சமாளிக்கப் பழகிய கை, பிறகு மாட்ச் பிஸ்டலில் அதை மறக்க வேண்டியிருக்கும்.

நடுவழி ஒன்று உண்டு. லீவரை ஒரு தடவை இழுத்து மூடினால் ஒரு குண்டுக்கான காற்று சேரும் வகை. ரஷ்யாவின் பைக்கால் 46எம் இதில் பேர்போனது, ஜெர்மனியின் வைராக் எச்டபிள்யூ 40 இன்னும் எளிமையானது. மாட்ச் பிஸ்டல் மாதிரி அழுத்தக் காற்று அடைத்த சிலிண்டர் கிடையாது, அதை நிரப்பப் பம்ப் கிடையாது, உதறலும் கிடையாது. ஒவ்வொரு குண்டுக்கும் லீவர் இழுப்பதுதான் கஷ்டம். பைக்காலின் மூக்கும் கனம். இதுவும் கிடைக்கவில்லையா, கிளப் பிஸ்டலே போதும். மிச்சப் பணத்தைப் பெல்லட்டிலும் கோச் கட்டணத்திலும் போடுங்கள்.

செகண்ட் ஹேண்டில் ஸ்டெயர் எல்பி10 வருகிறது. என்ன பார்க்கணும்? (சேலம்)

சிலிண்டரைப் பாருங்கள். அதில் தயாரிப்பு மாதமும் வருடமும் பொறித்திருக்கும். போட்டிகளில் பத்து வருடத்துக்கு மேற்பட்ட சிலிண்டரை அனுமதிக்க மாட்டார்கள். 200 பார் அழுத்தத்தில் காற்று அடைத்த பாத்திரம் அது, விதி இல்லாவிட்டாலும் பழையதை நான் முகத்துக்கு எதிரே பிடிக்க மாட்டேன். புது சிலிண்டரின் விலையைக் கழித்துப் பேரம் பேசுங்கள்.

பிறகு 200 பார் நிரப்பி, ஒரு ராத்திரி வைத்துவிட்டுக் காலையில் அழுத்தம் காட்டும் முள்ளைப் பாருங்கள். இறங்கியிருந்தால் சீல் போயிருக்கிறது. அது பெரிய செலவில்லை, ஆனால் தெரிந்து வாங்க வேண்டும். ட்ரிகரில் 500 கிராம் எடையைத் தொங்கவிட்டு, குழாய் மேல்நோக்கிச் செங்குத்தாக இருக்கும்படி மெதுவாகத் தூக்குங்கள். எடை தரையை விட்டு எழும்ப வேண்டும், ட்ரிகர் விடக் கூடாது. விட்டால் யாரோ உள்ளே நோண்டியிருக்கிறார்கள். க்ரிப் விற்கிறவரின் கைக்குத் தேய்த்ததாக இருக்கும், அது உங்களுக்கு உதவாது. அசல் பில் இல்லையென்றால் எவ்வளவு மலிவானாலும் விட்டுவிடுங்கள்.

நான் வலது கைக்காரி, ஆனால் இடது கண்தான் ஓங்கிய கண் (குறி பார்க்கும்போது முந்திக்கொள்ளும் கண்) என்கிறார்கள். இடது கை பிஸ்டல் வாங்கணுமா? (மதுரை)

வேண்டாம், வலது கையிலேயே சுடுங்கள். ரைபிளில் இது பெரிய தொல்லை, பிஸ்டலில் இல்லை. தலையைச் சற்றுத் திருப்பினால் இடது கண்ணாலேயே குறி பார்க்கலாம். அல்லது இடது கண்ணை மறைத்துவிட்டு வலது கண்ணைப் பழக்கலாம். மறைப்பு 30 மி.மீ. அகலம் வரை விதி அனுமதிக்கிறது. கண்ணை இறுக்கி மூடாதீர்கள், முகம் முழுக்க இறுகிவிடும்.

வயது 48. டார்கெட் தெளிவாகத் தெரிகிறது, முன் சைட் மங்கல். துருக்கிக்காரர் சாதாரணக் கண்ணாடியோடு வெள்ளி வாங்கினாரே, எனக்கு ஷூட்டிங் கிளாஸ் அவசியமா? (சென்னை)

யூசுஃப் டிகெச் பாக்கெட்டில் கைவிட்டு நின்ற படத்தை எல்லோரும் பார்த்தோம். பாக்கெட்டில் கைவிடுவது பெரும்பாலான பிஸ்டல்காரர்கள் செய்வதுதான், இன்னொரு கையை ஆடாமல் வைக்க அதுதான் வசதி. கண்ணாடி விஷயத்தில் உங்களுக்குச் சொல்வது: முன் சைட் மங்கலாக இருந்தால் எந்தப் பிஸ்டலும் உதவாது. முன் சைட் கூர்மையாகவும் டார்கெட் மங்கலாகவும் தெரிய வேண்டும். உங்களுக்குத் தலைகீழாக இருக்கிறது. கண் மருத்துவரிடம் விஷயத்தைச் சொல்லி, தூரப் பார்வை அளவோடு +0.50 அல்லது +0.75 கூட்டிய ஒற்றை லென்ஸ் போட்டுப் பாருங்கள். பைஃபோக்கல், ப்ரோக்ரசிவ் இரண்டும் ஆகாது. சாதாரண ஃபிரேமே போதும், பிஸ்டலுக்கு முன் இதை வாங்குங்கள்.

பெண்ணுக்குப் பதினொரு வயது. ஆசைப்படுகிறாள். (நாகர்கோவில்)

ஆசைப்படட்டும். மாட்ச் பிஸ்டல் கிட்டத்தட்ட ஒரு கிலோ. நீட்டிய கையில் அதை வைத்து 75 நிமிடத்தில் 60 குண்டு சுடுவது பெரியவர்களுக்கே தோளை வாங்கும். பெண்களுக்கு முன்பு 40 குண்டுதான், 2018-லிருந்து அவர்களுக்கும் 60. அதனால் இப்போதே பிஸ்டல் வாங்க வேண்டாம். கிளப்பில் குட்டையான, எடை குறைந்த ஜூனியர் மாடல் இருந்தால் அதில் ஒரு நேரத்துக்குப் பத்துப் பதினைந்து குண்டு. மற்ற நேரம் வெள்ளைச் சுவரைப் பார்த்து, குண்டில்லாமல் ட்ரிகர் இழுக்கும் டிரை பயிற்சி. இன்னொரு காரணமும் உண்டு: இன்று ஸ்மால் க்ரிப் வாங்கினால் இரண்டு வருடத்தில் கை வளர்ந்துவிடும்.

எந்தப் பெல்லட்? (ஈரோடு)

தட்டைத் தலை, 4.5 மி.மீ., அரை கிராம் வாக்கில் எடை. பயிற்சிக்கு மலிவான டின், போட்டிக்கு நல்ல டின். தலை அளவு 4.49-ஆ 4.50-ஆ என்று முதல் வருடத்தில் மண்டையை உடைக்காதீர்கள். ஈயம் என்பதால் சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். பெல்லட்டை வாயில் கவ்விக்கொண்டு சுடுகிற பழக்கம் சிலருக்கு உண்டு, வேண்டவே வேண்டாம்.

வீட்டு மொட்டை மாடியில் சுடலாமா? (விழுப்புரம்)

கூடாது. தப்பிய பெல்லட் நூறு மீட்டரைத் தாண்டியும் போகும், பக்கத்து மாடியில் துணி காயப்போட வருகிறவர்களுக்கு நீங்கள் சுடுவது தெரியாது. வீட்டுக்குள் 10 மீட்டர் கிடைத்தால் நல்லது. டார்கெட்டின் மையம் தரையிலிருந்து 1.4 மீட்டர் உயரம், பின்னால் சரிவான இரும்புத் தகடு வைத்த பெல்லட் ட்ராப், டார்கெட் மேல் தனி விளக்கு. சுடும் இடத்துக்கும் டார்கெட்டுக்கும் நடுவே கதவு எதுவும் திறக்கக் கூடாது. இருந்தால் பூட்டிவிட்டு ஆரம்பியுங்கள்.

தோட்டத்து வீட்டில் தனியாக இருக்கிறோம். பாதுகாப்புக்கு ஒரு பிஸ்டல் வாங்கணும், எதில் ஆரம்பிக்கலாம்? (திண்டுக்கல் பக்கம்)

மேலே சொன்ன எதுவும் உங்களுக்குப் பொருந்தாது ஐயா. ஏர் பிஸ்டலைக் காட்டித் திருடனை மிரட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அவன் கையில் இருப்பது நிஜமாக இருந்தால் என்ன ஆகும்? நிஜத் துப்பாக்கிக்கு 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் வேண்டும். வயது 21 நிறைந்திருக்க வேண்டும். விண்ணப்பம் மாவட்ட ஆட்சியரிடம், கமிஷனரேட் இருக்கும் நகரங்களில் போலீஸ் கமிஷனரிடம். போலீஸ் விசாரணை நடக்கும், ஏன் தேவை என்று காரணம் காட்ட வேண்டும். கிடைத்தாலும் 9 மி.மீ. தடை செய்யப்பட்ட ரகம், தனிநபருக்குப் பெரும்பாலும் .32 ரிவால்வர் அல்லது பிஸ்டல்தான். நாயும், வெளிச்சமும், நல்ல கதவும் முதலில் போடுங்கள் என்பது என் அபிப்பிராயம்.

வெளிமாநிலப் போட்டிக்கு விமானத்தில் கொண்டுபோக முடியுமா? (சென்னை)

முடியும். விமானக் கம்பெனிக்கு முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். செக்-இன் பெட்டியில்தான் போக வேண்டும், கைப்பையில் கூடாது. சிலிண்டரைக் கழற்றி, காற்றை முழுக்க வெளியேற்றித் தனியாக வையுங்கள். பில் நகல், கிளப் கடிதம், போட்டி நுழைவுச்சீட்டு மூன்றும் கையில் இருக்கட்டும், கவுண்டரில் ஒரு மணி நேரம் கூடுதலாக ஆகும். போய் இறங்குகிற ரேஞ்சில் காற்று நிரப்பும் வசதி இருக்கிறதா, அவர்களின் இணைப்பு உங்கள் சிலிண்டருக்குப் பொருந்துமா என்று கிளம்பும் முன் ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.