இயந்திரம் நூற்றுக்குத் தொண்ணூறைத் திருப்பித் தருமென்கிறார் கணவர்: அது உண்மையா?

கேள்வி: நாங்கள் சிட்னியின் மேற்குப் பகுதியில் வாடகை வீட்டில் இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறோம். கணவர் ஒரு களஞ்சியத்தில் பின்னேர ஷிப்ட் வேலை பார்க்கிறார். நான் வாரத்தில் மூன்று நாட்கள் துப்புரவு வேலைக்குப் போகிறேன். மலிவான சாப்பாடு என்று சொல்லிக் கிளப்புக்குப் போகத் தொடங்கியவர், இப்போது வியாழக்கிழமை சம்பளம் விழுந்தால் விடிவதற்குள் பாதியைப் 'போக்கி' என்னும் சூதாட்ட மெஷினில் விட்டுவிட்டு வருகிறார். சீட்டு எடுத்த காசும் போய்விட்டது. இந்த முறை வாடகையும் பிந்திவிட்டது. கேட்டால், "அந்த மெஷின் நூற்றுக்குத் தொண்ணூறைத் திருப்பித் தரும், பொறுமையாக இருந்தால் விட்டதைப் பிடிக்கலாம்" என்கிறார். அவர் சொல்வது உண்மையா? நான் என்ன செய்யலாம், ஐயா?

பதில்: சகோதரி, உங்கள் கணவர் சொல்லும் எண் ஏறக்குறைய சரியானதுதான், அதிலிருந்து அவர் எடுக்கும் முடிவுதான் பிழை. நியூ சவுத் வேல்ஸில் கிளப்புகளிலும் பப்புகளிலும் உள்ள இயந்திரங்கள் குறைந்தது நூற்றுக்கு 85 வீதத்தைத் திருப்பித் தர வேண்டுமென்பது விதி, பல இயந்திரங்கள் 90 வீதத்தை ஒட்டியே தருகின்றன. ஆனால் அந்த வீதம் நீங்கள் சட்டைப்பையில் கொண்டு போகும் பணத்துக்கு உரியதன்று. ஒவ்வொரு முறை பொத்தானை அழுத்தும்போதும் பந்தயமாக வைக்கப்படும் தொகைக்கே, அதுவும் இயந்திரத்தின் நெடுங்காலச் சராசரியாக, அது பொருந்தும். 200 டொலரோடு உட்காருபவர் அந்த முழுத் தொகையையும் ஒருமுறை சுற்றிவிட்டால் சராசரியாக 180 மிஞ்சும். அதோடு எழுந்து வருபவர் அரிது. அந்த 180 மறுபடி சுற்றப்படும்போது 162 ஆகும், பிறகு 146 ஆகும், ஏழாவது சுற்று முடியும்போது பாதிக்கும் கீழே வந்துவிடும். ஐந்து வினாடிக்கு ஒரு முறை ஒரு டொலர் வைத்து அழுத்துகிறார் என்று கொண்டால், மணிக்கு 720 டொலர் பந்தயமாகப் போய், அதில் பத்திலொன்றான 72 டொலரை இயந்திரம் வைத்துக்கொள்கிறது. மூன்று மணி நேரம் இருந்தால் கொண்டுபோன 200 இல்லாமற் போவதற்குத் துரதிர்ஷ்டம் எதுவும் தேவையில்லை. இந்த மாநிலத்தில் ஒரே அழுத்தலில் 10 டொலர் வரை வைக்க முடியுமென்பதால், இழப்பு இதைவிடப் பல மடங்கு விரைவாகவும் நடக்கலாம்.

"பொறுமையாக இருந்தால்" என்ற நம்பிக்கைக்கும் அடிப்படையில்லை. ஒவ்வொரு அழுத்தலின் முடிவையும், எழுந்தமானமாக எண்களை உருவாக்கும் ஒரு கணினி நிரல், முந்தைய முடிவு எதையும் நினைவில் வைக்காமல் அந்தக் கணத்திலேயே தீர்மானித்துவிடுகிறது. திரையில் சுழலும் படங்கள் அந்த முடிவைக் காட்டுவதற்கான அலங்காரம் மட்டுமே. ஆகவே நெடுநேரம் தராத இயந்திரம் இனித் தந்தாக வேண்டும் என்ற கணக்கு அதற்குள் எங்கும் இல்லை. அதைவிட நுட்பமான ஒன்றும் உண்டு. இருபது, முப்பது வரிகளில் ஒரே நேரத்தில் ஒரு டொலரைப் பரப்பி விளையாடும்போது, ஏதோவொரு வரியில் 30 சதம் விழும். உடனே விளக்குகள் மின்னும், இசை எழும். உண்மையில் அங்கே 70 சதம் போய்விட்டது, ஆனால் கண்ணும் காதும் அதை வெற்றியென்றே பதிவு செய்கின்றன. இப்படி வெற்றி வேடமிட்டு வரும் இழப்புகளுக்கு உடலும் வெற்றிக்குரிய கிளர்ச்சியையே காட்டுகிறது என்பதைக் கனடிய ஆய்வாளர்கள் அளந்து பார்த்திருக்கிறார்கள். உங்கள் கணவர் "நேற்றும் நிறையத் தரம் விழுந்தது" என்று சொன்னால் அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. அவர் நினைவில் நிற்பது அதுதான்.

இதை இவ்வளவு விரித்துச் சொல்வதற்குக் காரணமிருக்கிறது. நம் வீடுகளில் இந்தப் பிரச்சினை பெரும்பாலும் ஒழுக்கக் குறைவாகவே பேசப்படுகிறது. சாமி படத்தின் முன் சத்தியம் வாங்குவதோடு தீர்ந்துவிட்டதாகவும் கருதப்படுகிறது. சத்தியம் செய்தவர் அடுத்த வியாழனும் அதே தெருவால்தான் வீடு திரும்புகிறார். அந்தத் தெருக்களில் இயந்திரங்கள் எப்படிப் பரவியிருக்கின்றன என்பதையும் பாருங்கள். 1956 இல் கிளப்புகளுக்கு இவற்றை அனுமதித்த இந்த மாநிலத்தில் இன்று ஏறக்குறைய 87,000 இயந்திரங்கள் இருக்கின்றன, ஆண்டுக்கு 800 கோடி டொலருக்கு மேல் அவற்றில் இழக்கப்படுகிறது. உள்ளூராட்சிப் பிரிவுகளில் மிக அதிகமாக இழப்பவற்றின் முன்வரிசையில் இருப்பது செல்வந்தர் வாழும் சிட்னியின் வடகரை அன்று. அகதிகளாக வந்தவர்களும் குறைந்த வருமானக்காரரும் நெருங்கி வாழும் ஃபெயார்ஃபீல்ட்தான். ஏறத்தாழ இரண்டு இலட்சம் பேர் வாழும் அப்பகுதியில் ஆண்டுக்கு 50 கோடி டொலருக்கு மேல் போகிறது. நள்ளிரவில் வேலை முடிந்து வருபவருக்குக் குளிரூட்டிய, வெளிச்சமான, மலிவாகச் சாப்பாடு கிடைக்கும் ஒரே இடம் கிளப்பாக இருப்பதும் இதன் ஒரு பகுதி.

அதே 72 டொலர் எல்லோரிடமிருந்தும் ஒரே அளவில் எடுக்கப்படுவதில்லை என்பதைத்தான் என் வேலையில் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். சேமிப்புள்ளவருக்கு அது ஒரு மாலைச் செலவு. வாரக் கடைசியில் 60 டொலர் மட்டுமே மிஞ்சும் வீட்டில் அது மின்கட்டணம். அது பிந்தினால் தண்டப்பணம். அதைச் சமாளிக்கச் சம்பள முற்கடன். இந்த நாட்டில் 2,000 டொலர் வரையான அத்தகைய சிறு கடனுக்குத் தொடக்கக் கட்டணமாக 20 வீதமும், மாதந்தோறும் 4 வீதமும் அறவிடச் சட்டம் இடங்கொடுக்கிறது. 500 டொலர் எடுத்தால் முதல் நாளிலேயே 100 டொலர் கூடுதலாகக் கடன்பட்டிருக்கிறோம். இந்த ஓட்டையை வேறு எந்த வழியாலும் விரைவில் அடைக்க முடியாது என்று தெரியும்போது, ஒரே இரவில் அடைத்துவிடலாமென்று சொல்லும் இயந்திரத்திடமே மனம் திரும்புகிறது. அவுஸ்திரேலியாவின் உற்பத்தித்திறன் ஆணைக்குழு 2010 இல் மதிப்பிட்டபடி, இவ்வியந்திரங்களில் செலவாகும் பணத்தில் ஏறக்குறைய 40 வீதம் இப்படிச் சிக்கலுக்குள்ளானவர்களிடமிருந்தே வந்தது. ஒரு அழுத்தலுக்கு ஒரு டொலருக்கு மேல் அனுமதிக்கக் கூடாது என்ற அதன் பரிந்துரையை இந்த மாநிலம் ஏற்கவேயில்லை. நோர்வே 2007 இல் தன் இயந்திரங்கள் அனைத்தையும் அகற்றிவிட்டு, பிறகு அட்டையும் இழப்பு வரம்பும் உள்ள வேறு வகையைக் கொண்டுவந்தது. பிரித்தானியா 2019 இல் பந்தயக் கடை இயந்திரங்களின் உச்சத் தொகையை 100 பவுணிலிருந்து 2 பவுணாகக் குறைத்தது. இங்கே மேற்கு அவுஸ்திரேலியாவில் கசினோவுக்கு வெளியே இவை இல்லவே இல்லை. செய்ய முடியாத காரியமொன்றும் இல்லை என்பதற்காகச் சொன்னேன். உங்கள் வியாழக்கிழமைக்கு அது உதவாது.

உங்களுக்கு இப்போது அவசரமானது வாடகை. வாடகை 14 நாட்கள் பிந்திய பிறகே வீட்டுக்காரர் அந்தக் காரணத்துக்காக வெளியேறும்படி அறிவித்தல் தர முடியும். அதற்கு முன்பே முகவருக்கு எழுத்தில் தெரிவித்து, வாரம் இவ்வளவு சேர்த்துத் தருகிறோம் என்று ஒரு திட்டத்தை முன்வையுங்கள். திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்து அதன்படி செலுத்திவந்தால், அறிவித்தல் வந்திருந்தாலும் வீட்டை இழக்காமல் தப்ப முடிகிறது. மற்றக் கடன்களுக்கு 1800 007 007 என்ற தேசியக் கடன் உதவி எண்ணில் இலவச ஆலோசகர்கள் இருக்கிறார்கள். சீட்டுக்காரருக்குக் கொடுப்பதற்காக நகையை அடகு வைக்கும் முன் அவர்களோடு பேசுங்கள்.

அடுத்தது, பணம் அவர் கைக்கு வரும் பாதையை மாற்றுவது. சம்பளத்தை இரண்டு கணக்குகளுக்குப் பிரித்து அனுப்பப் பல வேலைத்தலங்கள் ஒப்புக்கொள்கின்றன. வாடகையும் மின்கட்டணமும் சம்பளம் விழும் நாளிலேயே தானாகக் கழியும்படி வங்கியில் ஏற்பாடு செய்யலாம். ஒரு நாளில் எடுக்கக்கூடிய காசின் உச்சத்தை 50 அல்லது 100 டொலராகக் குறைக்கலாம். இங்கே பலர் தவறிவிடுகிறார்கள். வங்கிகள் தரும் சூதாட்டத் தடையைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பார்கள்; அது இணையப் பந்தயத்துக்கு அட்டையால் பணம் செலுத்துவதை நிறுத்தும், கிளப்பில் உள்ள ஏரிஎம்மில் காசு எடுத்து இயந்திரத்தில் போடுவதை நிறுத்தாது. 2023 இல் தொடங்கிய பெட்ஸ்டொப் என்ற தேசியப் பதிவும் இணைய, தொலைபேசிப் பந்தயங்களுக்கு மட்டும்தான். போக்கிக்கு உரியது சுயவிலக்கு: குறிப்பிட்ட கிளப்புகளும் பப்புகளும் தன்னை உள்ளே விடக் கூடாதென்று அவரே கையெழுத்திடுவது. ஒரே தடவையில் பல இடங்களுக்கு அதைச் செய்துகொள்ளலாம். வீட்டுக்கு அருகிலுள்ளதை மட்டும் சேர்த்தால் போதாது, வேலையிலிருந்து வரும் வழியில் உள்ள எல்லாவற்றையும் சேர்க்க வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் அவருடைய சம்மதம் வேண்டுமே என்று கேட்பீர்கள். வேண்டும். அவர் இழந்துவிட்டு வந்த காலையில், வெட்கமும் களைப்புமாக இருக்கும்போது பேசாதீர்கள். அப்போது கிடைப்பது சத்தியம் மட்டுமே. சம்பளத்துக்கு முந்திய செவ்வாய், புதன் நாட்களில், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு, மேலே சொன்ன கணக்கை ஒரு தாளில் அவரோடு சேர்ந்தே போட்டுப் பாருங்கள். அவர் கடனை அடைக்க ஒரே தொகையாகக் காசு கொடுக்காதீர்கள், உங்கள் பெயரில் கடன் எடுக்கவும் ஒப்பாதீர்கள். அவர் மறுத்தாலும் உங்கள் சம்பளமும் குடும்ப வரிச் சலுகைப் பணமும் உங்கள் தனிக் கணக்குக்கே வரும்படி செய்யலாம். கோபத்தில் கை ஓங்குகிறார் என்றால் பணப் பேச்சை நிறுத்திவிட்டு, குடும்ப வன்முறை உதவி எண்ணான 1800 737 732 ஐ அழையுங்கள். வாழ விருப்பமில்லை என்ற பேச்சு அவரிடமிருந்து வந்தால் நெருக்கடி உதவி எண் 13 11 14, உயிருக்கு உடனடி ஆபத்தென்றால் 000.

சூதாட்ட உதவி எண் 1800 858 858. இருபத்துநான்கு மணி நேரமும் இலவசமாக இயங்குகிறது, விளையாடுபவரின் குடும்பத்தாரும் பேசலாம். ஆங்கிலத்தில் பேசத் தயக்கமாக இருந்தால் முதலில் தொலைபேசி மொழிபெயர்ப்புச் சேவையான 131 450 ஐ அழைத்து "டமில்" என்று மட்டும் சொல்லுங்கள். மொழிபெயர்ப்பாளர் இணைந்த பிறகு அந்த எண்ணுக்கு இணைப்புக் கேட்கலாம். ஊருக்குள் தெரிந்துவிடுமென்று அஞ்சினால், மொழிபெயர்ப்பாளரிடம் உங்கள் முழுப் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. அவர் வேலைக்குப் போன பிறகு, நாளைப் பின்னேரமே அழையுங்கள்.