பார்மட் பண்ணச் சொல்கிறார்கள், பண்ணலாமா?

கேள்வி: அக்காவுக்கு 2012-ல் பள்ளியில் கொடுத்த அரசு லேப்டாப் இன்னும் ஓடுகிறது. அதில் விண்டோஸ், பாஸ் லினக்ஸ் என்று இரண்டு இயங்குதளங்கள் இருந்தன. லினக்ஸை யாரும் தொடுவதில்லையே என்று டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் போய் அது இருந்த பகுதியை, அதாவது பார்ட்டிஷனை, டெலிட் செய்துவிட்டேன். அடுத்த முறை ஆன் செய்ததும் கருப்புத் திரையில் ‘அப்படி ஒரு பார்ட்டிஷன் இல்லை’ என்று ஆங்கிலத்தில் ஒரு வரி, அதற்குக் கீழே ‘கிரப் ரெஸ்க்யூ’, அவ்வளவுதான். கடையில் பார்மட் பண்ணணும் என்கிறார்கள். அக்காவின் பி.எட். குறிப்பெல்லாம் உள்ளே இருக்கிறது சார்.
- கல்லூரி மாணவர், மன்னார்குடி

பதில்: முதலில் கடையிலிருந்து லேப்டாப்பை வாங்கி வந்துவிடுங்கள் தம்பி. பார்மட் தேவையே இல்லை. கடைக்காரரைக் குறை சொல்லவும் முடியாது, வரிசையில் நாலு பேர் நிற்கும்போது பார்மட்தான் சீக்கிரம் முடிகிற வேலை.

நடந்தது இதுதான். அந்தக் காலத்து லேப்டாப்பில் எம்பிஆர் எனப்படும் டிஸ்க்கின் முதல் செக்டரில்தான் பூட் லோடர், அதாவது விண்டோஸையோ லினக்ஸையோ கிளப்பிவிடும் நிரல், உட்கார்ந்திருக்கும். அந்த செக்டர் மொத்தமே 512 பைட். அதில் 446 பைட் பூட் லோடருக்கு, 64 பைட் எந்தப் பகுதி எங்கே என்று குறித்திருக்கும் பார்ட்டிஷன் டேபிளுக்கு, கடைசி 2 பைட் அடையாளக் குறி. 446 பைட்டில் ஒரு மெனுவை அடைக்க முடியுமா? அதனால் லினக்ஸின் பூட் லோடரான கிரப் தன் ஆரம்பத் துண்டை மட்டும் அங்கே வைத்துக்கொண்டு, மெனு உட்பட முக்கால்வாசியை லினக்ஸ் பார்ட்டிஷனுக்குள் வைத்திருக்கும். நீங்கள் அந்தப் பார்ட்டிஷனையே எடுத்துவிட்டீர்கள். இப்போது ஆரம்பத் துண்டு மிச்சத்தைத் தேடிப் பார்த்துவிட்டு, காணோம் என்று நிற்கிறது. விண்டோஸுக்கும் அக்காவின் குறிப்புகளுக்கும் ஒன்றும் ஆகவில்லை, அங்கே போகிற வழி மட்டும்தான் அடைபட்டிருக்கிறது.

நண்பர் யாரிடமாவது விண்டோஸ் இன்ஸ்டால் பண்ணும் டிவிடியோ பென் டிரைவோ வாங்கி அதிலிருந்து பூட் செய்யுங்கள். மொழி கேட்கும் முதல் திரையிலேயே ஷிப்டையும் எஃப்10-ஐயும் சேர்த்து அழுத்தினால் கமாண்ட் பிராம்ப்ட் திறக்கும். அதில் பூட்ரெக் என்று அடித்து, ஒரு இடைவெளி விட்டு, சாய்கோடு போட்டு, ஃபிக்ஸ்எம்பிஆர் என்று சேர்த்து (bootrec /fixmbr) என்டர் தட்டுங்கள். இது அந்த 446 பைட்டில் கிரப்புக்குப் பதிலாக விண்டோஸின் பூட் லோடரை எழுதும், பார்ட்டிஷன் டேபிளைத் தொடாது. அதற்குப் பிறகும் கிளம்பவில்லை என்றால் எந்தப் பார்ட்டிஷன் ‘ஆக்டிவ்’, அதாவது பூட் ஆகத் தொடங்கும் இடம், என்று குறிக்கப்பட்டிருக்கிறது என்று அதே கமாண்ட் பிராம்ப்ட்டில் டிஸ்க்பார்ட் (diskpart) என்ற கருவியில் பாருங்கள். ‘சிஸ்டம் ரிசர்வ்டு’ என்று 100 எம்பி அளவில் ஒரு சின்னப் பகுதி இருந்தால் ஆக்டிவாக இருக்க வேண்டியது அதுதான், சி டிரைவ் அல்ல. இதில் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள்.

லினக்ஸும் திரும்ப வேண்டுமா? டெலிட் செய்த இடத்தை அப்படியே காலியாக விட்டிருந்தால் டெஸ்ட்டிஸ்க் என்ற இலவச மென்பொருள் பழைய எல்லைகளைக் கண்டுபிடித்து மீட்டுக் கொடுக்கும். அங்கே புது டிரைவ் உருவாக்கிப் படங்களை ஏற்றியிருந்தால் மறந்துவிடுங்கள். இந்த வயது லேப்டாப்புக்கு புதிதாக ஒரு லேசான லினக்ஸைப் போட்டுக்கொள்வதே மேல் என்பேன்.

கேள்வி: கும்பகோணத்தில் சின்ன ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். கல்யாண வீடியோ காப்பி ஆகிக்கொண்டிருந்தபோது கரண்ட் போய்விட்டது. திரும்ப வந்ததும் டி டிரைவைத் திறந்தால் ‘பயன்படுத்தும் முன் பார்மட் செய்ய வேண்டும்’ என்கிறது. பைல் சிஸ்டம் ‘ரா’ என்று காட்டுகிறது. மூன்று முகூர்த்தத்து வேலை உள்ளே இருக்கிறது ஐயா.
- வாசகர், கும்பகோணம்

பதில்: கேன்சல் அழுத்துங்கள். இந்த மாதம் இந்தப் பகுதியில் இதைத் தவிர வேறெதுவும் படிக்காவிட்டாலும் பரவாயில்லை.

நம் ஊரில் சொல்வதானால், புலப்படமும் பட்டாவும் காணாமல் போயிருக்கின்றன, வயல் அங்கேயே கிடக்கிறது. ‘ரா’ என்றால் விண்டோஸுக்கு அந்த இடத்தின் அமைப்பு படிக்கத் தெரியவில்லை என்றுதான் பொருள். இந்த நிலையில் விண்டோஸ் விஸ்டாவுக்குப் பிறகு வந்த எந்த விண்டோஸிலும் ‘குயிக்’ என்ற டிக்கை எடுத்துவிட்டு முழு பார்மட் கொடுத்தால் டிஸ்க் முழுக்கப் பூஜ்ஜியத்தை எழுதும். அப்புறம் எந்த மென்பொருளாலும் பயனில்லை.

அடுத்து, டிஸ்க்கின் உடம்பு எப்படி இருக்கிறது என்று பாருங்கள். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மாதிரி டிஸ்க்கின் நிலையைக் காட்டும் மென்பொருள் ஏதாவது ஒன்றில் ‘கரன்ட் பெண்டிங் செக்டர்’ என்ற வரியில் பூஜ்ஜியத்துக்கு மேல் எண் இருந்தால், டிஸ்க்கால் சில இடங்களைப் படிக்க முடியவில்லை என்று அர்த்தம். டக் டக் என்று சத்தம் வந்தால் இதெல்லாம் கூட வேண்டாம், அணைத்து எடுத்து தரவு மீட்பவரிடம் கொடுத்துவிடுங்கள், வீட்டில் இன்னொரு முறை ஆன் செய்து பார்க்கவே கூடாது.

பலரும் இந்த இடத்தில் விண்டோஸின் செக்டிஸ்க் கருவியை ஓட்டச் சொல்வார்கள். நான் வேண்டாம் என்கிறேன். அதன் வேலை பைல் சிஸ்டத்தை ஒழுங்குபடுத்துவது, உங்கள் வீடியோவைக் காப்பாற்றுவது அல்ல. ஒழுங்குக்கு வராத பைல்களை வெட்டிப் போடவும் அது தயங்காது. அதற்குப் பதிலாக இதே அளவோ இதைவிடப் பெரியதோ இன்னொரு டிஸ்க் வாங்கி, இன்ஸ்டால் பண்ணாமலே ஓடும் லினக்ஸ் லைவ் பென் டிரைவிலிருந்து டிடிரெஸ்க்யூ என்ற பிரதி எடுக்கும் கருவி மூலம் பழைய டிஸ்க்கை முழுசாகப் பிரதி எடுங்கள். எது மூலம், எது பிரதி என்பதை இரண்டு முறை சரிபார்த்த பிறகே என்டர், மாற்றிக் கொடுத்தால் காலி டிஸ்க் உங்கள் கல்யாணங்களின் மேல் ஏறிவிடும். இனி எந்த மீட்பு வேலையும் பிரதியில் மட்டும்தான்.

விண்டோஸின் பைல் சிஸ்டமான என்டிஎஃப்எஸ் தன் பூட் செக்டரின் நகல் ஒன்றைப் பார்ட்டிஷனின் கடைசி செக்டரில் வைத்திருக்கும். முன்னால் இருப்பது மட்டும் கெட்டிருந்தால் டெஸ்ட்டிஸ்க் அந்த நகலை எடுத்து முன்னால் எழுதிக் கொடுக்கும், டி டிரைவ் பழைய போல்டர்களோடு அப்படியே திறக்கும். அது பலிக்கவில்லை என்றால் ஃபோட்டோரெக் என்ற இன்னொரு மீட்பு மென்பொருள் இருக்கிறது. அது பைலின் தொடக்க அடையாளத்தை வைத்துத் தேடுவதால் படங்கள் வரும், பெயர்கள் வராது. எந்தப் படம் எந்த மாப்பிள்ளையுடையது என்று நீங்கள்தான் உட்கார்ந்து பிரிக்க வேண்டும். பெரிய வீடியோ பைல்கள் இதில் முழுசாக வருவது சந்தேகம்தான். மீட்ட பைல்களை மூன்றாவது ஒரு டிஸ்க்கில் சேமியுங்கள்.

இந்த வேலை முடிந்த கையோடு ஒரு யுபிஎஸ் வாங்கிவிடுங்கள்.

கேள்வி: ஊருக்குப் போய் பல மாதம் கழித்து வந்து கம்ப்யூட்டரை ஆன் செய்தால் பூட் டிவைஸ் இல்லை என்கிறது. தேதியும் ஏதோ பழைய வருடம் காட்டுகிறது. ஹார்ட் டிஸ்க் போய்விட்டதா?
- குடும்பத்தலைவி, வேதாரண்யம்

பதில்: போயிருக்காது அம்மா. மதர்போர்டில் ஒரு ரூபாய் நாணயம் போல வட்டமாக சிஆர்2032 என்று ஒரு பேட்டரி இருக்கும், அது தீர்ந்திருக்கிறது. அதோடு விண்டோஸுக்கு முன்னால் ஓடும் பயாஸின் அமைப்புகளும் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பியிருக்கும். பேட்டரியை மாற்றி, தேதியைச் சரிசெய்து, பயாஸில் சாட்டா மோட் (டிஸ்க்கோடு பேசும் முறை), பூட் முறை பழைய லெகஸியா புதிய யுஇஎஃப்ஐயா என்ற இரண்டையும் பாருங்கள். இது இல்லை என்றால் அது, மாற்றி மாற்றிப் பார்ப்பதில் டிஸ்க்குக்குக் கெடுதல் இல்லை. பயாஸிலேயே டிஸ்க்கின் பெயர் தெரியவில்லை என்றால் கேபிளைக் கழற்றி மாட்டுங்கள், கடல் காற்றில் முனைகள் துருப்பிடித்திருக்கலாம். அப்படியே பின்னால் யாராவது பாட்டு பென் டிரைவ் செருகி வைத்திருக்கிறார்களா என்றும் ஒரு பார்வை, இருந்தால் கம்ப்யூட்டர் அதிலிருந்து பூட் ஆகப் பார்த்து நின்றிருக்கலாம்.

கேள்வி: சி டிரைவ் நிரம்பிவிட்டது. டி டிரைவைச் சுருக்கி 50 ஜிபி காலி இடம் எடுத்தேன். ஆனால் சி-யில் ‘எக்ஸ்டெண்ட் வால்யூம்’ மங்கலாகவே இருக்கிறது, அழுத்த முடியவில்லை.
- வாசகர், மயிலாடுதுறை

பதில்: காலி இடம் சி-க்கு வலப்பக்கம் ஒட்டினாற்போல இருந்தால்தான் விண்டோஸ் சேர்க்கும். உங்களுக்கு நடுவில் டி நிற்கிறது, ரிகவரி பார்ட்டிஷனும் இருக்கலாம். பென் டிரைவிலிருந்து ஓடும் ஜிபார்ட்டட் லைவ் என்ற பார்ட்டிஷன் கருவி மூலம் நடுவில் இருப்பதை வலப்பக்கம் தள்ளலாம். முக்கியமானதை வெளியே காப்பி எடுத்துவிட்டு, விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்துவிட்டு, டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் இருந்தால் அதையும் எடுத்துவிட்டுத் தொடங்குங்கள். டி-யின் பைல்களை எல்லாம் நகர்த்தும் வேலை இது, மணிக்கணக்கில் ஓடும், பாதியில் மின்சாரம் போனால் டி-யே போகும். அதனால் பேப்பரில் உங்கள் துணைமின் நிலையத்துக்கு மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை போட்டிருக்கும் நாளில் மட்டும் கை வைக்காதீர்கள். நடுவில் விண்டோஸ் ‘டைனமிக் டிஸ்க்காக மாற்றட்டுமா’ என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

கேள்வி: விண்டோஸ் 11 போட ஆசைப்பட்டு பயாஸில் செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு அமைப்பை ஆன் செய்தேன். இப்போது 10-ம் வரவில்லை!
- வாசகர், திருவாரூர்

பதில்: 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு நின்றதிலிருந்து இந்தக் கடிதம் வேறு வேறு கையெழுத்தில் வந்துகொண்டே இருக்கிறது. செக்யூர் பூட்டுக்காக லெகஸி முறையை அணைத்திருப்பீர்கள், உங்கள் டிஸ்க்கோ பழைய எம்பிஆர் வகை, அதிலிருக்கும் விண்டோஸ் லெகஸியில்தான் பூட் ஆகும். பயாஸில் செய்ததைத் திருப்பிவிடுங்கள், 10 வந்துவிடும். பிறகு பேக்கப் எடுத்துக்கொண்டு, எம்பிஆர் டிஸ்க்கைப் புதிய ஜிபிடி வகைக்கு மாற்ற விண்டோஸிலேயே இருக்கும் எம்பிஆர்2ஜிபிடி கருவியை முதலில் சோதனைக்கு மட்டும் ஓட்டிப் பாருங்கள். மூன்று பிரைமரி பார்ட்டிஷனுக்கு மேல் இருந்தாலோ, லாஜிக்கல் பார்ட்டிஷன் இருந்தாலோ அது மறுத்துவிடும். சரி என்று சொன்னால் மாற்றுங்கள், பைல்கள் அப்படியே இருக்கும். அதற்கப்புறம்தான் பயாஸுக்குப் போய் யுஇஎஃப்ஐ, செக்யூர் பூட் எல்லாம்.