கடல் கடந்த கேள்விகள்: வாடகை வவுச்சரும் ஊர் மாற்றமும்

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளுக்காக மதுரைப் பக்கமிருந்து வரும் கடிதங்களில் விசா, வரி பற்றியவைதான் எப்போதும் அதிகம். இந்த முறை வாடகை உதவி வவுச்சர் பற்றி ஐந்து கடிதங்கள் சேர்ந்துவிட்டன. இது என்னவென்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. வருமானம் குறைந்த குடும்பம் தனியார் வீட்டில் வாடகைக்கு இருந்தால், வாடகையில் ஒரு பகுதியை உள்ளூர் வீட்டுவசதி ஆணையம் நேரே வீட்டுக்காரருக்குக் கட்டிவிடும். கழிவுகள் போக மிஞ்சும் மாத வருமானத்தில் ஏறத்தாழ 30 சதவீதம் குடும்பத்தின் பங்கு. பணம் ‘ஹட்’ என்ற மத்திய அரசுத் துறையுடையது. அங்கே பேச்சுவழக்கில் ‘செக்‌ஷன் 8’ என்பார்கள். ஓர் ஆணையத்தின் எல்லையை விட்டு இன்னோர் ஆணையத்தின் எல்லைக்கு வவுச்சரை எடுத்துப்போவது ‘போர்ட்’ செய்வது.

கேள்வி: மாப்பிள்ளை தவறிய பிறகு என் மகள் இரண்டு பேரப்பிள்ளைகளோடு நியூ ஜெர்சியில் வாடகை வவுச்சரில் நாலு வருஷமாக இருக்கிறாள். கிரீன் கார்டு இருக்கிறது. டல்லாஸில் இருக்கும் அண்ணன் பக்கத்தில் போய்விட நினைக்கிறாள். மே 1-ல் வவுச்சர் கொடுத்து, ஜூன் 30-க்குள் வீடு பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். பள்ளிக்கூடம் முடிந்து ஜூன் 25-ல்தான் கிளம்ப முடியும். “அங்கே போனால் இன்னும் 30 நாள் தருவாங்கம்மா” என்கிறாள். நம்பலாமா?
— வாசகி, வில்லாபுரம்

பதில்: 30 நாள் உண்டு. ஆனால் அதை எந்தத் தேதியிலிருந்து எண்ணுகிறார்கள் என்பதில்தான் பலருக்கு இடறுகிறது. டல்லாஸ் போய் இறங்கிய நாளிலிருந்து அல்ல, அங்கே புது வவுச்சர் கையில் கிடைத்த நாளிலிருந்தும் அல்ல. பழைய ஆணையம் கொடுத்த வவுச்சர் முடியும் தேதியிலிருந்து. புது ஆணையம் தரும் வவுச்சர், அந்தத் தேதிக்குப் பிறகு 30 நாள் ஆவதற்குள் காலாவதியாகக் கூடாது என்பதுதான் விதி. உங்கள் மகளுக்கு அது ஜூலை 30. மாட்டை எங்கே ஓட்டிப்போய் மேயவிட்டாலும் கயிறு நியூ ஜெர்சியில் அடித்த முளையில்தான் கட்டியிருக்கிறது.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். ஜூன் 5-ல் டல்லாஸ் போயிருந்தால் கையில் 55 நாள். 25-ல் போனால் 35 நாள். அதில் புது ஆணையம் காகிதங்களைப் பார்த்து வவுச்சர் எழுதித்தர நாள் பிடிக்கும். எல்லாம் ஒழுங்காக இருந்தால் இரண்டு வாரத்துக்குள் தரவேண்டும் என்று ஹட் எதிர்பார்க்கிறது. ஆக வீடு தேட நிஜமாகக் கிடைப்பது மூன்று வாரம். டல்லாஸ் இருக்கும் டெக்சாஸ் மாநிலத்தில் மூன்று வாரம் போதாது. வவுச்சர்காரருக்கு வீடு இல்லை என்று சொல்ல நியூ ஜெர்சியில் வீட்டுக்காரருக்குச் சட்டம் இடம் தராது. டெக்சாஸில் தாராளமாகச் சொல்லலாம். நகராட்சிகள் அதைத் தடுத்துச் சட்டம் போடக் கூடாது என்றே 2015-ல் மாநில அரசு சட்டம் கொண்டுவந்தது. பத்து இடத்தில் கேட்டால் எட்டு இடத்தில் கதவு மூடும் என்று வைத்துக்கொண்டே தேடச் சொல்லுங்கள்.

அதனால் முதல் வேலை, நியூ ஜெர்சி ஆணையத்தில் கால நீட்டிப்புக் கேட்பது. எழுத்தில் கேட்கவேண்டும், ஜூன் 30-க்கு முன்பே கேட்கவேண்டும். இந்த வரிசை முக்கியம். பழைய ஆணையம் நீட்டித்தால் முளையே நகர்கிறது. 60 நாள் கூட்டினார்கள் என்றால் முடிவு தேதி ஆகஸ்ட் 29 ஆகும், அதன்மேல் டல்லாஸின் 30 நாள் ஏறி செப்டம்பர் 28 வரை வரும். நீட்டிப்புத் தருவது ஆணையத்தின் இஷ்டம். அதற்கான விதியை அவர்கள் தங்கள் நிர்வாகத் திட்டத்தில் எழுதி வைத்திருப்பார்கள், அந்தப் பக்கத்தைக் கேட்டு வாங்கிப் படிக்கலாம். வீட்டில் யாருக்காவது உடல் ஊனமோ நீண்ட நோயோ இருந்து, அதனால் வீடு தேடத் தாமதமாகிறது என்றால் மட்டும் இஷ்டம் என்ற பேச்சு இல்லை. நியாயமான வசதி என்ற முறையில் தேவையான காலம் தந்தாகவேண்டும்.

இரண்டாவது, எந்த ஆணையத்துக்கு என்று தெளிவாக எழுதிக் கொடுப்பது. ‘டல்லாஸ்’ என்று மட்டும் சொன்னால் போதாது. அந்த வட்டாரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட ஆணையங்கள் இருக்கின்றன. அண்ணன் வீட்டு முகவரி எதன் எல்லையில் வருகிறது என்று முதலில் பார்க்கவேண்டும். பெயர் சொன்னதும் பழைய ஆணையம் புது ஆணையத்தோடு பேசி, 52665 என்ற எண்ணுள்ள படிவத்தின் முதல் பகுதி, வவுச்சர் நகல், குடும்ப விவரம் உள்ள 50058 படிவம், வருமானச் சான்றுகள் எல்லாவற்றையும் அனுப்பும். “பேப்பர் போயிடுச்சு” என்ற பதிலோடு போனை வைக்கக் கூடாது. என்றைக்கு, யாருக்கு, மின்னஞ்சலிலா தபாலிலா என்று கேட்டுக் குறித்துக்கொள்ளவேண்டும். மறுநாளே டல்லாஸுக்குப் போன் போட்டு, வந்து சேர்ந்ததா, நேர்காணல் என்றைக்கு என்று கேட்கவேண்டும். காகிதம் அனுப்பியவர் மேஜைக்கும் பெற்றவர் மேஜைக்கும் நடுவில் தொலையும் பத்து நாள்தான் அதிகம் பேரைக் கவிழ்க்கிறது.

பிறப்புச் சான்று, சோஷியல் செக்யூரிட்டி அட்டை, கிரீன் கார்டு, கடைசி இரண்டு மூன்று மாதச் சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு அறிக்கை ஆகியவை கைப்பையில் இருக்கட்டும். சாமான் லாரியில் ஏற்றிவிட்டால் லாரி வரும்வரை நேர்காணலுக்குப் போகமுடியாது.

புது ஆணையம் வருமானத்தை மறுபடி கணக்கிடலாம். ஆனால் ஏற்கெனவே வவுச்சரில் இருக்கும் குடும்பத்துக்கு அதைக் காரணம் காட்டி வவுச்சரையோ வீட்டு ஒப்புதலையோ நிறுத்திவைக்க முடியாது. “ரீ-எக்ஸாம் (அந்த மறுகணக்கு) முடியட்டும்” என்று இழுத்தால் மேலதிகாரியைக் கேட்கலாம். குடும்பத்தை ஏற்கலாமா என்று பார்க்கத் தங்கள் சொந்தச் சோதனை விதிகளைப் போட அவர்களுக்கு உரிமை உண்டு. படுக்கையறைக் கணக்கும் அவர்களுடையதுதான். நியூ ஜெர்சியில் மூன்று அறைக்கு எழுதிய வவுச்சர் அங்கே இரண்டாகலாம். உதவிக்காக ஆணையம் கணக்கில் எடுக்கும் வாடகை வரம்பு டல்லாஸ் வட்டாரத்தில் ஜிப் கோடு (நம் பின்கோடு) வாரியாக மாறும். ஒரு சாலையைத் தாண்டினால் வரம்பு வேறு. அந்தப் பட்டியலை முதலில் வாங்கிவிட்டுத் தெரு பார்க்கப் போகட்டும். வாடகை வரம்பைத் தாண்டுகிற வீடு என்றால், குடியேறும் சமயத்தில் குடும்பப் பங்கு அந்தக் கழிவு போன மாத வருமானத்தில் 40 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. போனால் வீடு எவ்வளவு பிடித்திருந்தாலும் ஆணையம் ஒப்பாது.

இன்னொரு பொறி. அந்தக் கூடுதல் நாள்கள் டல்லாஸ் ஆணையத்தின் எல்லைக்குள் மட்டும்தான் செல்லும். ஜூலை 10-ல் மனம் மாறி ஹூஸ்டன் போகிறேன் என்றாலோ, நியூ ஜெர்சிக்கே திரும்புகிறேன் என்றாலோ காகிதம் பழைய ஆணையத்துக்குத் திரும்பும். அங்கே தேதி ஜூன் 30-ல் முடிந்துபோயிருக்கும். அவர்கள் மனம் வைத்து நீட்டித்தால்தான் உண்டு.

டல்லாஸ்காரர்கள் “நாங்கள் இன்னும் இரண்டு மாதம் தருகிறோம்” என்று சொன்னாலும் ஒன்றைக் கேட்டுவிடச் சொல்லுங்கள்: பில்லிங் கெடு என்றைக்கு? பழைய ஆணையத்திடமிருந்து பணம் வாங்கும் முறையில் போனால், முதல் பில் பழைய வவுச்சர் முடிந்து 90 நாளுக்குள் அங்கே போய்ச் சேரவேண்டும். உங்கள் மகள் கணக்கில் செப்டம்பர் 28. புது ஆணையம் தன் வவுச்சரை நீட்டிப்பதால் இந்தத் தேதி தானாக நகராது. வீட்டுச் சோதனை, ஒப்பந்தக் கையெழுத்து எல்லாம் இதற்குள் முடியவேண்டும். தங்கள் சொந்த நிதியிலேயே குடும்பத்தை ஏற்றுக்கொள்வதாகப் புது ஆணையம் சொல்லிவிட்டால் இந்தக் கவலை இல்லை.

இப்போதிருக்கும் வீட்டுக்காரருக்கு ஒப்பந்தப்படி எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து, நகலை ஆணையத்திலும் கொடுக்கவேண்டும். டெபாசிட்டும் லாரி வாடகையும் பொதுவாகக் குடும்பத்தின் தலையில்தான். நம்மூரில் பத்து மாத அட்வான்ஸ் கேட்கிற அளவுக்கு இருக்காது என்றாலும் கையில் பணம் வேண்டும்.

கேள்வி: என் தங்கைக்குப் பல வருஷம் காத்திருந்து இப்போதுதான் வவுச்சர் வந்திருக்கிறது. அவள் குடியிருப்பது ஒரு கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி), விண்ணப்பம் போட்டது பக்கத்துக் கவுண்டியில். உடனே தான் இருக்கும் ஊரிலேயே பயன்படுத்த முடியுமா?
— வாசகர், மேலூர்

பதில்: விண்ணப்பம் போட்ட நாளில் குடும்பத் தலைவரோ கணவன் மனைவியில் மற்றவரோ அந்த ஆணையத்தின் எல்லைக்குள் குடியிருந்திருக்கவேண்டும். இருவருமே இல்லையென்றால், திட்டத்தில் சேர்ந்து 12 மாதம் வரை போர்ட் செய்யும் உரிமை கிடையாது. ஆணையம் இசைந்தால் விடலாம், கேட்டுப் பார்ப்பதில் தப்பில்லை. இசையாவிட்டால் விண்ணப்பித்த கவுண்டியில் ஒரு வருஷம் வாடகைக்கு இருந்துவிட்டுத்தான் மாறவேண்டும். முதல் வவுச்சரிலேயே வெளியூர் போக அனுமதி கிடைத்தாலும், போகிற ஊரின் வருமான வரம்புக்குள் குடும்பம் வரவேண்டும். ஏற்கெனவே வவுச்சரில் இருப்பவர்களுக்கு இந்த இரண்டாவது சோதனை கிடையாது.

கேள்வி: மகன் வீடு பார்த்து, ஆணையத்தில் மனுப் போட்டுவிட்டான். இரண்டு வாரமாகப் பதில் இல்லை. நாள் ஓடிக்கொண்டே இருக்கிறதே?
— வாசகர், கோ.புதூர்

பதில்: ஓடவில்லை. நீங்கள் ‘மனு’ என்பது 52517 எண் படிவமாக இருந்தால், அதைக் கொடுத்த நாளிலேயே வவுச்சரின் கடிகாரம் நின்றுவிடும். ஆமென்றோ இல்லையென்றோ ஆணையம் எழுத்தில் சொல்லும் நாளில்தான் மறுபடி ஓடும். உதாரணமாக, ஜூலை 30-ல் முடியும் வவுச்சருக்கு ஜூலை 20-ல் படிவம் கொடுத்தால் பத்து நாள் பத்திரமாக இருக்கும். ஆகஸ்ட் 4-ல் மறுத்தால் அந்தப் பத்து நாள் அன்றிலிருந்து கிடைக்கும்.

நின்றதா என்பதைக் காட்ட அத்தாட்சி வேண்டும். கொடுத்த தேதியோடு முத்திரை போட்ட நகல், அல்லது மின்னஞ்சலில் அனுப்பிய பதிவு. வீட்டுக்காரர் கையெழுத்து, கேட்கும் வாடகை, மின்சாரமும் தண்ணீரும் யார் கட்டுவது என்ற கட்டம், இந்த மூன்றில் ஒன்று காலியாக இருந்தால் முழுமையற்றது என்று திருப்புவார்கள். திருப்பிய படிவம் கொடுக்காத படிவம்தான் என்று வாதிடும் ஊழியரும் உண்டு. அதனால் கொடுக்கும்போதே கவுண்டரில் நின்று சரிபார்த்து வாங்கச் சொல்லுங்கள்.

கேள்வி: மகள் மதுரைக்கு வந்து சித்திரைத் திருவிழாவும் பார்த்து, என்னோடு நாலு மாதம் இருக்கப் பிரியப்படுகிறாள். வீட்டைப் பூட்டிவிட்டு வந்தால் வவுச்சர் போய்விடுமா? மாதம் 20,000 ரூபாய் நான் அனுப்புகிறேன். உசிலம்பட்டியில் அவள் பேரில் ஒரு மனையும் இருக்கிறது. சொல்லவேண்டுமா?
— வாசகி, திருமங்கலம்

பதில்: மொத்தக் குடும்பமும் வீட்டில் இல்லாமல் தொடர்ந்து 180 நாளுக்கு மேல் போகக் கூடாது. என்ன காரணம் சொன்னாலும் அதற்குமேல் வாடகை உதவி நின்றுவிடும். ஆனால் 180 என்பது மேல்வரம்பு. ஆணையம் தன் விதியில் இதைவிடக் குறைவாக வைத்திருக்கலாம். டிக்கெட் போடும் முன் எழுதிக் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளட்டும். அந்த நாலு மாதமும் தன் பங்கு வாடகையைக் கட்டிக்கொண்டே இருக்கவேண்டும். போர்ட் நடந்துகொண்டிருக்கும்போது மட்டும் வரவேண்டாம். ஆணையத்தின் கடிதம் பழைய முகவரித் தபால்பெட்டியில் கிடக்கும், கெடு தன்பாட்டுக்கு ஓடும்.

மாதா மாதம் போகும் பணம் அவள் வருமானமாகச் சேரும், சொல்லத்தான் வேண்டும். தீபாவளிக்கோ பிறந்தநாளுக்கோ ஒருமுறை அனுப்புவது சேராது. மனையைச் சொத்து விவரத்தில் காட்டவேண்டும். இந்தியாவில் இருப்பது அவர்களுக்கு எங்கே தெரியப்போகிறது என்று உறவினர் யாராவது சொல்வார். மறைத்தது தெரிந்தால் வவுச்சரும் போகும், வாங்கிய உதவியைத் திருப்பிக் கட்டவும் நேரும்.

நீங்கள் அங்கே போனால் விருந்தாளி. எத்தனை நாள் தங்கலாம் என்பது ஆணையத்துக்கு ஆணையம் மாறும், 14 நாள் என்று வைத்திருப்பவையும் உண்டு. அதைத் தாண்டுவதென்றால் முன்அனுமதி வேண்டும்.

கேள்வி: மகன் எச்-1பி விசாவில் இருக்கிறான். வாடகை அதிகம் என்கிறான். இந்த வவுச்சருக்கு எழுதிப் போடலாமா?
— வாசகர், பேரையூர்

பதில்: முடியாது. குடியுரிமை, கிரீன் கார்டு, அகதி அல்லது அடைக்கலம் பெற்றவர் போன்ற நிலை வேண்டும். எச்-1பி, மாணவர் விசா, சுற்றுலா விசா இதில் வராது.